கம்பாசிட்டரின் மகனுக்கு

மதிப்பிற்குரிய ஐயா,

என் அப்பா சென்ற ஐப்பசியில் காலமானார். வயது 83. கும்பகோணத்தில் ஒரு பிரஸ்ஸில் பதின்மூன்று வயதில் சேர்ந்து, நாற்பது வருடத்துக்கு மேல் கம்பாசிட்டராக, அதாவது ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கோப்பவராக இருந்தார். பிரஸ்ஸை மூடியபின் ஒரு கல்யாண மண்டபத்தில் வாட்ச்மேன் வேலை. முதல் வருடத் திவசத்துக்கு அவர் நினைவாகச் சிறு புத்தகம் ஒன்று போடலாம் என்று தம்பியும் நானும் நினைக்கிறோம். நான் எழுதிய முன்னுரையை இணைத்திருக்கிறேன். திருத்தித் தர முடியுமா? புத்தகம் நல்லதா, வீடியோ நல்லதா என்றும் ஒரு குழப்பம். அப்பாவுக்குக் கடன் தொல்லை இருந்தது, சில வருடம் குடியும் இருந்தது. அதையெல்லாம் எழுதலாமா? அவர் பெரிய மனிதர் இல்லை. எங்களைத் தவிர யார் படிக்கப்போகிறார்கள் என்றும் தோன்றுகிறது. அம்மாவுக்கு 76 வயது. அப்பாவோடு வேலை பார்த்தவர்களில் பைண்டிங் செய்த ஒரு பெரியவரும், டிரெடில் அச்சு எந்திரம் ஓட்டிய ஒருவரும்தான் மிச்சம். பைண்டிங்காரருக்குக் காது மந்தம். அப்பாவிடம் கேட்காமல் விட்டதை இனி யாரிடம் போய்க் கேட்பது?

பி.கு: இடவலம் மாறிய எழுத்தை அப்பா நம்மைவிட வேகமாகப் படிப்பார். கருமாதிப் பத்திரிகைக்கு வேண்டிய ஈய எழுத்தைக் கோத்து ஒரு மேட்டராகக் கட்டியே வைத்திருப்போம், பெயரையும் தேதியையும் மாற்றினால் போதும் என்று சொல்வார்.

(பெயர் வேண்டாம்)
கும்பகோணம்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் அப்பாவுக்கு என் வணக்கம். வரும் கடிதங்கள் எல்லாவற்றுக்கும் நான் பதில் எழுதுவதில்லை. இதற்கு உடனே எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் உங்கள் பின்குறிப்பு. கடிதத்தையும் முன்னுரையையும் விட அந்த இரண்டு வாக்கியங்களில்தான் உங்கள் அப்பா இருக்கிறார்.

முன்னுரையைப் படித்தேன். “அன்பின் சிகரம், பாசத்தின் ஊற்று, உழைப்பின் இமயம்.” திருத்த மாட்டேன். இதில் திருத்த ஒன்றுமில்லை, பிழையே இல்லாமல் எழுதியிருக்கிறீர்கள். ஆனால் இந்த வரிகளுக்குள் உங்கள் அப்பா எங்கே இருக்கிறார்? பெயரை எடுத்துவிட்டு என் சித்தப்பாவின் பெயரைப் போட்டால் பொருந்துகிறது. எதிர் வீட்டுக்காரரின் பெயரைப் போட்டாலும் பொருந்தும். உங்கள் அப்பா கட்டி வைத்திருந்த அந்தக் கருமாதி மேட்டர் இதுதான். அவர் பிழைப்புக்காக ஊரார் எல்லோருக்கும் அதை அச்சடித்துக் கொடுத்தார், அதில் குற்றமில்லை. மகனே அதை எடுத்து அப்பாவுக்கே போடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. கோபமாகத்தான் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

புத்தகமா வீடியோவா என்பதை உங்கள் தம்பியோடு பேசி முடிவுசெய்துகொள்ளுங்கள். எதில் வேண்டுமானாலும் போடலாம். “பெரிய மனிதர் இல்லை” என்ற வரிக்கு நான் பதில் சொல்லப்போவதில்லை. அந்த வரியை எழுதியதற்கு நீங்கள்தான் வெட்கப்பட வேண்டும்.

கடனும் குடியும்? எழுதுங்கள். உ.வே.சாமிநாதையர் தன் ஆசிரியர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் வரலாற்றை எழுதியபோது அவருடைய பணமுடையையும் கடனையும் மறைக்கவில்லை. பிள்ளை இறந்தது 1876இல். நூல் வெளிவந்தது 1933இலும் 34இலும். இத்தனை காலம் கழித்தும், பிள்ளை வாயால் பாடல்களைச் சொல்லச் சொல்ல மாணவர் ஏட்டில் எழுதிக்கொண்ட விதத்தையெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பதுபோல எழுதியிருக்கிறார். கடனைச் சொன்னதால் பிள்ளையின் மேல் நமக்கு மரியாதை குறையவில்லை. ஆனால் ஒன்று. “அப்பாவுக்குக் கடன் இருந்தது” என்று எழுதினால் அது வெறும் புகார். எதற்காக வாங்கினார், யாரிடம், என்ன வட்டி, எதை அடகு வைத்தார், எப்போது மீட்டார் என்று எழுதினால்தான் அது அவர் வாழ்க்கை. அம்மாவுக்கு எல்லாம் தெரிந்திருக்கும். அவருடைய தோடோ சங்கிலியோ நடுவில் எங்கேயாவது வராமல் இருக்காது.

சரி, நான் சொல்ல வந்தது வேறு.

எண்பதுகளின் தொடக்கத்தில் நாங்கள் சில நண்பர்கள் சேர்ந்து ஒரு சிறுபத்திரிகை நடத்தினோம். தஞ்சாவூர் கீழவாசல் பக்கம் ஒரு சின்ன பிரஸ்ஸில் அச்சடிப்போம். அங்கே இருந்த கம்பாசிட்டருக்கு அப்போது நாற்பது வயதுக்குள் இருக்கும். இடது கையில் எழுத்துகளை வரியாக அடுக்கும் ஸ்டிக், வலது கை எழுத்துகள் அறை அறையாக இருக்கும் கேஸுக்கும் ஸ்டிக்குக்கும் போய்ப் போய் வரும். கண் கையெழுத்துப் பிரதியில்தான் இருக்கும், கேஸைப் பார்க்கவே மாட்டார். எந்த அறையில் எந்த எழுத்து என்பது விரலுக்குத் தெரியும். ஒருநாள் மாலை போனபோது, “ழ தீர்ந்துபோச்சு தம்பி, நாளைக்கு வாங்க” என்றார். எனக்கு விளங்கவில்லை. அப்புறம் சொன்னார்: அந்த பிரஸ்ஸில் நான்கு பக்கத்துக்குத்தான் டைப் உண்டு. நான்கு பக்கம் கோத்து, பிரூஃப் பார்த்து, அச்சடித்து, மறுபடி எழுத்துகளைப் பிரித்து அவற்றின் அறைகளில் போட்ட பிறகுதான் ஐந்தாம் பக்கத்தைத் தொட முடியும். என் கவிதை ஒன்றில் மழையும் பழமும் நிழலுமாக ழகரம் வந்துகொண்டே இருந்திருக்கிறது.

இன்னொரு நாள், “பக்கத்துத் தலையில ஒத்தச் சொல்லு தொங்குது. இந்தப் பாராவுல எதையாச்சும் எடுத்துரலாமா?” என்று கேட்டார். பாராவின் கடைசிச் சொல் மட்டும் அடுத்த பக்கத்தின் உச்சிக்குப் போய்விட்டிருந்தது. எதை எடுக்கலாம் என்று அவரே காட்டினார். ‘மிகவும்’ என்ற சொல்லை. எடுத்தோம். அதற்குப் பிறகு நான் எழுதிய எதிலும் அந்தச் சொல்லைப் போடும்போது கை ஒரு கணம் நிற்கும். எழுத்தைப் பற்றி எனக்குப் பாடம் சொன்னவர்கள் பலர். ஒரு சொல்லுக்கு எடை உண்டு, இடம் உண்டு, அதைத் தூக்கி வைக்க ஒரு ஆள் நிற்கிறார் என்பதைக் காட்டியவர் அவர் ஒருவர்தான்.

இந்த ஆடியில் அவர் இறந்துபோனார். பதினாறாம் நாள் காரியத்துக்குப் போயிருந்தேன். வாசலில் பெரிய ஃபிளெக்ஸ். உங்கள் முன்னுரையில் இருக்கிற அதே சொற்கள், ஊற்றுக்குப் பதில் கடல், அவ்வளவுதான். அவர் என்ன வேலை பார்த்தார் என்று அதில் ஒரு வார்த்தை இல்லை. பேரப்பிள்ளைகளிடம் ழகரம் தீர்ந்துபோன கதையைச் சொன்னேன். அவர்களுக்கு ஈய எழுத்து என்றால் என்ன என்பதிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது. அன்றிலிருந்து இதையே நினைத்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் உங்கள் கடிதம் வந்தது.

இப்போது உங்கள் அப்பாவுக்கு வருகிறேன். 1578இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ அச்சானது. தமிழ் எழுத்தில் நமக்குக் கிடைத்திருக்கும் முதல் அச்சுநூல் அது, பதினாறே பக்கம். அதற்குப் பிறகு தரங்கம்பாடியில், சென்னையில், உங்கள் கும்பகோணத்தில் என்று தமிழில் வந்த புத்தகம், பஞ்சாங்கம், பாடநூல், துண்டுப் பிரசுரம் இவற்றில் பெரும்பகுதி, ஒவ்வொரு எழுத்தாக ஒரு மனிதன் விரலால் எடுத்து அடுக்கியது. ஆப்செட்டும் கணினியும் வந்து, தொண்ணூறுகளில் அந்த வேலை ஏறக்குறைய முடிந்துபோயிற்று. நானூறு வருடக் கைவேலை. அதன் கடைசித் தலைமுறை ஆட்களில் ஒருவர் உங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். நீங்கள் அவரை இமயம் என்கிறீர்கள். இமயம் ஒரு ஸ்டிக்கில் எத்தனை வரி கோக்கும்?

இதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். 1978இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்று ஆணை போட்டது. பெரியார் 1935 முதல் தன் பத்திரிகையில் கையாண்ட எழுத்துகள். ணை, லை, ளை, னை நான்கும் யானைத் துதிக்கை போன்ற பழைய வளைவை விட்டன. ணா, றா, னா மூன்றும் சுழியை விட்டுத் துணைக்காலைப் பெற்றன. அவற்றை ஒட்டிய ஒகர ஓகார எழுத்துகளும் மாறின. பள்ளியில் படித்த நமக்கு அது ஒரு பாடம், அவ்வளவுதான். அப்போது உங்கள் அப்பாவுக்கு முப்பத்தேழு வயது இருக்கும். கேஸின் முன் நின்று இருபது வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. பழைய லை ஒற்றை எழுத்து, ஒரு அறை, கை ஒருமுறை போய் வந்தால் போதும். புது லைக்கு முதலில் ஐகாரக் கொம்பை எடுக்க வேண்டும், பிறகு ல. ‘இல்லை’ என்ற சொல்லுக்கே கை இன்னொரு முறை போய் வர வேண்டும். தமிழில் ‘இல்லை’ எத்தனை முறை வருகிறது! அவர் விரல்கள் அதை எப்படிக் கற்றுக்கொண்டன? பழைய எழுத்து இருந்த அறைக்கு எத்தனை நாள் கை தானாகப் போயிருக்கும்? அந்த அறைகளில் பிறகு எதைப் போட்டு வைத்தார்கள்? ஐகாரக் கொம்பு திடீரென்று அதிகம் தேவைப்பட்டிருக்குமே, முதலாளி புது எழுத்து வாங்கினாரா, இருப்பதை வைத்து ஓட்டச் சொன்னாரா? கல்யாணப் பத்திரிகைக்கு வந்தவர்கள் பழைய எழுத்திலேயே போடுங்கள் என்று கேட்டார்களா?

சீர்திருத்தத்தைப் பற்றி எவ்வளவோ விவாதங்கள் நடந்திருக்கின்றன. அறிஞர்கள் எழுதினார்கள், எதிர்த்தவர்களும் எழுதினார்கள். அந்த வாதம், எதிர்வாதம் இரண்டையுமே ஈயத்தில் கோத்துக் கொடுத்தவர் பக்கம் யாரும் திரும்பி, “உங்களுக்கு எப்படி இருக்கிறது?” என்று கேட்டதாக நான் படித்ததில்லை. உங்கள் புத்தகத்தில் இது ஒரு பக்கம் வந்தால் போதும். தமிழ் அச்சைப் பற்றி நாளைக்கு எழுத வருகிறவன் உங்கள் வீட்டுக் கதவைத் தட்டுவான்.

அப்பா இல்லை, யாரிடம் கேட்பது என்கிறீர்கள். இரண்டு பேர் இருக்கிறார்கள் என்று நீங்களே எழுதிவிட்டு அடுத்த வரியில் இப்படிக் கேட்கிறீர்கள்! அம்மாவோடு மூன்று பேர். போய் உட்காருங்கள். ஆனால் “அப்பா எப்படிப்பட்டவர்?” என்று மட்டும் கேட்காதீர்கள். “தங்கமான மனுஷன்” என்பார்கள், அதோடு வாயை மூடிவிடுவார்கள். பொருளைக் கேளுங்கள், வேலையைக் கேளுங்கள். சம்பளம் வாரமா மாதமா, பக்கக் கணக்கா? எந்த மாதத்தில் ராத்திரி வேலை இருக்கும், தை முகூர்த்தத்திலா, தேர்தல் நேரத்திலா? கோத்த பக்கம் கை தவறிக் கொட்டிப்போனால் யார் அடுக்குவது, அந்த நேரத்துக்குக் கூலி உண்டா? மை படிந்த கையை எதால் கழுவிவிட்டுச் சோற்றில் கை வைத்தார்? அம்மாவிடம் அவர் சட்டையைப் பற்றிக் கேளுங்கள். எந்த இடத்தில் கறை போகாது என்பது துவைத்தவருக்குத்தான் தெரியும். கோத்துக்கொண்டே வாசகத்தைப் படிப்பாரா, இல்லை வெறும் எழுத்தாகத்தான் பார்ப்பாரா என்று கேளுங்கள். சில கம்பாசிட்டர்கள் புலவருக்கே பிழை திருத்துவார்கள். உங்கள் அப்பா எந்த ரகம்?

இது நான் கண்டுபிடித்த வழி ஒன்றுமில்லை. அதியமான் இறந்தபோது ஔவையார் பாடிய புறநானூற்றுப் பாட்டை எடுத்துப் பாருங்கள். கள் கொஞ்சமாகக் கிடைத்தால் எங்களுக்கே தந்துவிடுவான், நிறையக் கிடைத்தால் நாங்கள் பாட, தானும் மகிழ்ந்து குடிப்பான். எலும்பும் கறியுமாகக் கிடைக்கும் இடமெல்லாம் எங்களுக்கு, அம்பும் வேலும் பாயும் இடமெல்லாம் தனக்கு. நரந்தம் மணக்கும் கையால் புலால் நாறும் என் தலையைத் தடவிக்கொடுப்பான். இப்படித்தான் தொடங்குகிறார். கள், சோறு, கறி, கை, தலைமுடி. வள்ளல் என்று சொல்வதற்கு முன்னால் எதைக் கொடுத்தான் என்று சொல்லிவிடுகிறார். நம் ஊரில் ஒப்பாரி வைக்கிற கிழவியும் அப்படித்தான். எந்தச் சந்தையில் மாடு பிடித்தான், எந்த வருடப் புயலில் கூரை போனது, யார் வந்து கைகொடுத்தார் எல்லாம் அதில் வந்துவிடும். படித்த நாம்தான் சிகரம், ஊற்று என்று ஆரம்பித்தோம்.

வாட்ச்மேனாக இருந்த வருடங்களையும் விட்டுவிடாதீர்கள். உங்கள் முன்னுரையில் “ஓய்வு பெற்றபின்” என்று இருக்கிறது. அவர் எங்கே ஓய்வு பெற்றார்? ஒரு காலத்தில் ஊருக்கே கல்யாணப் பத்திரிகை கோத்தவர், பிற்பாடு ஒரு கல்யாண மண்டபத்தின் வாசலில் நின்றார். உள்ளே போகிறவர்களின் கையில் இருந்த பத்திரிகைகளை வாங்கிப் பார்ப்பாரா? அதில் பிழை கண்டால் வீட்டில் வந்து சொல்வாரா? அம்மாவுக்கு நினைவிருக்கும்.

பைண்டிங் பெரியவரிடம் முதலில் போங்கள். காது மந்தம் என்பதால் கேள்வியைப் பெரிய எழுத்தில் எழுதிக் காட்டுங்கள், அச்சாபீஸில் இருந்தவர், படித்துவிடுவார். பழைய புத்தகமோ பத்திரிகையோ உங்கள் பிரஸ்ஸில் அடித்தது ஏதாவது வீட்டில் இருந்தால் எடுத்துப்போய் அவர் கையில் கொடுங்கள். தம்பியையும் கூட்டிக்கொண்டு போங்கள், ஒருவர் பேச்சுக் கொடுக்க, ஒருவர் எழுத. எழுதியதை முடிந்த வரை அவர் சொன்ன சொல்லிலேயே வைத்து எனக்கு அனுப்புங்கள். அதன் பிரூஃபை நான் பார்த்துத் தருகிறேன்.

அன்புடன்.