பழைய மானிட்டரை யாரிடம் கொடுப்பது? வாசகர் கேள்விகளும் பதில்களும்

மின்னணுக் கழிவு குறித்து இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கும் மேற்பட்டவை மானிட்டரைப் பற்றியவை என்பதால், இந்தப் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி (தஞ்சாவூர்): பத்து ஆண்டுகளாகப் பரணில் கிடக்கும் 17 அங்குல சி.ஆர்.டி. (பிக்சர் டியூப் வைத்த) மானிட்டரை யாரிடம் ஒப்படைக்க வேண்டும்?

பதில்: மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிவு பெற்ற மறுசுழற்சி நிறுவனத்திடம். அந்நிறுவனங்களின் பட்டியலை மத்திய, மாநில வாரியங்களின் இணையதளங்களில் பார்க்கலாம். 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கும் மின்னணுக் கழிவு விதிகள் மறுசுழற்சிப் பொறுப்பைத் தயாரிப்பாளர்கள் மீது சுமத்தியிருப்பதால், உங்கள் மானிட்டரின் நிறுவனம் இன்னும் வணிகத்தில் இருந்தால், அதன் வாடிக்கையாளர் சேவை எண்ணை அழைத்துத் திரும்பப் பெறும் வசதி உண்டா என்று முதலில் விசாரியுங்கள். எவரிடம் கொடுத்தாலும், திருகாணியைக்கூடக் கழற்றாமல் முழுதாகக் கொடுங்கள்.

கேள்வி (ஈரோடு): மானிட்டரில் என் கோப்புகள் ஏதேனும் தங்கியிருக்குமா?

பதில்: இருக்காது. இணையத்தோடு தானே இணையும் ஸ்மார்ட் மானிட்டராக இருந்தால் மட்டும் கணக்குகளிலிருந்து வெளியேறி, ரீசெட் செய்துவிட்டுக் கொடுங்கள்.

கேள்வி (ஊர் குறிப்பிடவில்லை): என்னிடம் பழைய மானிட்டர் ஒன்று இருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: பிக்சர் டியூப் வைத்ததா, தட்டையானதா, இயங்குகிறதா, எந்த ஆண்டில் வாங்கியது என்று எதையுமே எழுதாமல் கேட்டால் நான் எதைச் சொல்வது? பின்பக்கம் ஒட்டியிருக்கும் சீட்டில் மாடல் எண்ணும் பெரும்பாலும் தயாரித்த ஆண்டும் இருக்கும். ஏறத்தாழ 2010க்கு முன் வந்த தட்டை மானிட்டர்களில் பெரும்பாலானவற்றின் திரைக்குப் பின்னால் ஒளி தருவது பாதரசம் அடங்கிய மெல்லிய குழல்விளக்கு; அதற்குப் பின் வந்தவற்றில் எல்.இ.டி. அந்தச் சீட்டைப் பார்த்துவிட்டு மீண்டும் எழுதுங்கள்.

கேள்வி (மதுரை): தெருவுக்கு வரும் பழைய இரும்பு வியாபாரி சி.ஆர்.டி. மானிட்டருக்கு 200 ரூபாய் தருகிறார். மறுசுழற்சி நிறுவனமோ நாமே கொண்டுவந்து கொடுக்க வேண்டும், பணம் ஏதும் கிடையாது என்கிறது. நான் எதற்காக 200 ரூபாயை இழக்க வேண்டும்?

பதில்: இந்தக் கேள்வியை வெவ்வேறு ஊர்களிலிருந்து பல ஆண்டுகளாகக் கேட்டு வருகிறேன், ஒவ்வொரு முறையும் வருத்தமாகவே இருக்கிறது. வியாபாரிக்கு அந்த மானிட்டரில் காசாகக்கூடியவை, பிக்சர் டியூப் என்னும் கண்ணாடிக் குழாயின் கழுத்தைச் சுற்றியிருக்கும் கம்பிச்சுருளான யோக் காயிலில் உள்ள செம்பு, வயர்கள், சர்க்யூட் போர்டு, பிளாஸ்டிக் உறை ஆகியவைதாம். எடையில் பெரும்பங்கு கண்ணாடி. அதை வாங்க ஆளில்லை. எக்ஸ் கதிர் வெளியே வராமல் தடுப்பதற்காக, குழாயின் கூம்புப் பகுதிக் கண்ணாடியில் நூற்றுக்கு இருபது பங்குக்கும் மேல் ஈய ஆக்சைடு சேர்த்திருப்பார்கள். ஒரு மானிட்டருக்கு ஒரு கிலோ ஈயம் என்று தோராயமாக வைத்துக்கொள்ளுங்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் சென்னையில் ஒரு காயலான் கடையின் பின்கட்டில் நின்று இந்த வேலையைப் பார்த்திருக்கிறேன். பதினாறு வயது மதிக்கத்தக்க ஒரு பையன் மானிட்டரைக் கவிழ்த்துப் போட்டு, உறையைப் பெயர்த்து, குழாயின் கழுத்தில் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினான். உஸ்ஸென்று காற்று உள்ளே புகுந்தது. யோக்கை உருவிச் செம்புக் குவியலில் எறிந்துவிட்டு, கூம்பை உடைத்துச் சாக்கில் அள்ளினான். திரையின் உட்பக்கம் பூசியிருந்த வெண்ணிறப் பொடி முழங்கைவரை அப்பியிருந்தது. அந்தக் கையோடுதான் தேநீர்க் குவளையை வாங்கிக் குடித்தான். நிரம்பிய சாக்குகள் எங்கே போகும் என்று கேட்டேன்; கால்வாய்க் கரையைக் காட்டினான். வயர்களைச் செம்புக்காக மாலையில் கொளுத்துவார்களாம், அவற்றின் பி.வி.சி. பிளாஸ்டிக் உறை எரிந்தால் டையாக்சின் என்னும் கொடிய நஞ்சு உண்டாகும். ஈயமோ குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிப்பது; பாதுகாப்பானதென்று சொல்லத்தக்க அளவு அதற்கு எதுவுமே இல்லை என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. உங்கள் கைக்கு வரும் 200 ரூபாயின் மீதிக் கணக்கை அந்தப் பையனும் அந்தக் கால்வாயை ஒட்டிக் குடியிருப்பவர்களும்தான் தீர்க்கிறார்கள்.

முறையாக இயங்கும் ஆலையில், தூசியை உறிஞ்சும் அமைப்புள்ள மேடையில் குழாயை வைத்து, முகப்பும் கூம்பும் சேரும் இடத்தைச் சூடான கம்பியால் சுற்றிப் பிரிப்பார்கள். உட்பூச்சை இயந்திரம் உறிஞ்சிக்கொள்ளும். ஈயக் கண்ணாடி தனியே உருக்காலைக்குப் போகும். புதிய பிக்சர் டியூப் செய்த காலத்தில் அந்தக் கண்ணாடிக்கு விலை இருந்தது. இன்று அதை அப்புறப்படுத்துவதே செலவு என்பதால்தான் ஆலைக்காரர் உங்களுக்குப் பணம் தருவதில்லை. தூக்கிச் செல்வதுதான் சிரமம் என்றால், தெருவில் பத்து வீட்டுப் பொருட்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு வண்டி அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். அளவு கூடினால் பலர் வருவார்கள்.

கேள்வி (திருநெல்வேலி): பழைய எல்.சி.டி. (தட்டை) மானிட்டர் கீழே விழுந்து உள்ளிருந்த விளக்கு உடைந்துவிட்டது. ஆபத்தா?

பதில்: ஒரு விளக்கில் சில மில்லிகிராம் பாதரசம்தான் இருக்கும், பதற வேண்டாம், அலட்சியமும் வேண்டாம். ஜன்னல்களைத் திறந்து வைத்து, குழந்தைகளோடு கால் மணி நேரம் வெளியே இருங்கள். பின்னர் கெட்டி அட்டையால் துண்டுகளை அள்ளி, ஈரக் காகிதத்தால் துடைத்து, எல்லாவற்றையும் மூடியுள்ள டப்பாவில் போடுங்கள். துடைப்பமும் வேக்குவம் கிளீனரும் கூடவே கூடாது. டப்பாவை மானிட்டரோடு சேர்த்தே ஒப்படையுங்கள்.

கேள்வி (கோயம்புத்தூர்): எங்கள் அலுவலகத்தில் 60 மானிட்டர்களைக் கழிக்கிறோம். ஏலம் விடலாமா?

பதில்: ஒரு நிதியாண்டில் ஆயிரம் மின், மின்னணுச் சாதனங்களுக்குக் குறையாமல் பயன்படுத்தும் அமைப்பு விதிகளின்படி மொத்தப் பயன்பாட்டாளர் ஆகிவிடும்; அப்படியானால் பதிவு பெற்றவர்களிடம் மட்டுமே ஒப்படைக்க வேண்டும். கணினி, பிரிண்டர், கைபேசி, ஏ.சி. எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள். கணக்கு அதற்குக் கீழே இருந்தாலும், அதிக விலை கேட்பவருக்கெல்லாம் தள்ளிவிடாமல், பதிவுச் சான்று வைத்திருப்பவர்களை மட்டும் ஏலத்துக்கு அழையுங்கள். எண்ணிக்கையும் எடையும் எழுதிய ரசீது இல்லாமல் ஒன்றையும் வெளியே அனுப்பாதீர்கள்.

கேள்வி (சேலம்): தட்டை மானிட்டர், பவர் விளக்கு மினுக்குகிறது, படம் வரவில்லை. தூக்கிப் போட்டுவிடலாமா?

பதில்: முதலில் மெக்கானிக்கிடம் காட்டுங்கள். பெரும்பாலும் பவர் போர்டில் கெப்பாசிட்டர் என்னும் சிறு பாகங்கள் ஒன்றிரண்டு மேல்பக்கம் உப்பிப்போயிருக்கும். மாற்ற ஆகும் செலவு அற்பம். இயங்கத் தொடங்கினால் இன்னும் சில ஆண்டுகள் ஓடும். பள்ளிக்குக் கொடுப்பதென்றால் இயங்குவதை மட்டும், கேபிளோடு கொடுங்கள்.

கேள்வி (காஞ்சிபுரம்): போகிக்கு எரிக்கலாமா?

பதில்: கூடாது. உறையையும் வயரையும்கூட எரிக்கக் கூடாது.

கேள்வி (புதுச்சேரி): சி.ஆர்.டி. மானிட்டரின் உறையை மீன் தொட்டியாக மாற்ற விரும்புகிறேன். குழாயை நானே கழற்றலாமா?

பதில்: வேண்டாம். அந்தக் குழாய் இயங்குவது சுமார் 25,000 வோல்ட்டில். மின்சாரத்தைத் துண்டித்த பிறகும் அதில் மின்னேற்றம் தங்கியிருக்கும். உள்ளே வெற்றிடம் என்பதால், கை தவறினால் கண்ணாடி உள்நோக்கி வெடித்து முகத்தில் சிதறும். மீன் தொட்டியைக் கடையில் வாங்கிக்கொண்டு, மானிட்டரை முழுதாக ஒப்படையுங்கள்.