காரணம் முதலில், மன்னிப்பு கடைசியில் – கடிதம்

அன்புள்ள ஐயா,

ஒரகடத்தில் உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் தரப்பிரிவில் இருக்கிறேன். ஜப்பானிய வாடிக்கையாளருக்குப் போன ஒரு லாட்டில் துளை சிறுத்துப்போய், அவர்கள் லைனில் பிடிபட்டது. அன்றே மூன்று பக்கத்துக்குக் காரணங்களை எழுதி, முடிவில் மன்னிப்பும் கேட்டு மெயில் போட்டோம். கோபம் கூடிவிட்டது. ஏன்?

செ.

அன்புள்ள செ.,

மன்னிப்புக்கு முன்னால் வரும் காரணம், முழு உண்மையாகவே இருந்தாலும், அவர்களுக்குச் சாக்காகத்தான் படும்.

2001 பிப்ரவரி 9 அன்று ஹவாய் அருகே அமெரிக்க நீர்மூழ்கி கிரீன்வில் மோதி, ‘எஹிமே மாரு’ என்ற ஜப்பானியப் பயிற்சிக் கப்பல் மூழ்கியது. மாணவர்கள் உட்பட 9 பேர் இறந்தார்கள். நீர்மூழ்கியின் தலைவர் நேரில் வந்து தலைகுனிய வேண்டும் என்று குடும்பத்தினர் கேட்டார்கள். விசாரணை நடக்கையில் மன்னிப்புக் கேட்டால் அதுவே குற்ற ஒப்புதலாகிவிடும் என்பது அமெரிக்க வக்கீல்களின் கவலை. அந்தத் தலைவர் இறந்த மாணவர்களின் பள்ளி இருந்த உவாஜிமா ஊருக்குப் போய்ச் சேர்ந்தது 2002 டிசம்பரில்.

நீங்கள் அன்றே போன் செய்துவிட்டு, மேலதிகாரியோடு நேரில் போயிருக்க வேண்டும். தனியாகப் போனால் விஷயத்தைச் சிறிதாக நினைக்கிறீர்கள் என்று பொருள். ஜப்பானியர் குனிந்து செய்யும் வணக்கத்தில் 15, 30, 45 பாகை என்று மூன்று நிலை உண்டு, இதற்கு 45தான். அப்போது பேச வேண்டியது மூன்றே விஷயம்: எத்தனை பீஸ் சந்தேகத்தில் இருக்கிறது, அவை எங்கெங்கே (அவர்கள் லைன், ஸ்டோர், வழியில் உள்ள லாரி, நம் குடோன்), பிரித்துப் பார்த்த நல்ல சரக்கு எப்போது வரும்.

காரண அறிக்கை அதற்குப் பிறகு. அதில் இரண்டு கேள்விக்குப் பதில் தேடுவார்கள்: குறை ஏன் உருவானது, நம் சோதனையைத் தாண்டி எப்படி வெளியே போனது. நம்மவர்கள் இரண்டாவதை விட்டுவிடுவார்கள். ரீமர் (துளையைச் சரியான அளவுக்குச் சீவும் கருவி) தேய்ந்தது முதல் பதில் என்றால், பிளக் கேஜ் (துளைக்குள் விட்டு அளவைச் சோதிக்கும் கருவி) எத்தனை பீஸுக்கு ஒருமுறை போடப்பட்டது என்பது இரண்டாவது. ‘ஆபரேட்டர் கவனக்குறைவு, பயிற்சி கொடுத்தோம்’ என்று எழுதினால் அறிக்கை திரும்பி வரும். ஆபரேட்டரைக் கூட்டத்தில் காட்டிக்கொடுப்பது இன்னும் மோசம்; கீழே இருப்பவரைக் காட்டித் தப்பிக்கும் கம்பெனி என்று பெயர் வரும். 1997 நவம்பரில் ஜப்பானியப் பங்குத் தரகு நிறுவனமான யமாய்ச்சி செக்யூரிட்டீஸ் விழுந்தபோது, தலைவர் பதவிக்கு வந்து சில மாதங்களே ஆகியிருந்த நோஸாவா, தவறு எங்களுடையது, ஊழியர்களுடையது அல்ல என்று கேமரா முன் அழுதார்.

ஜப்பானுக்கே போக நேர்ந்தால் இனிப்புப் பெட்டி கொண்டுபோகும் வழக்கம் உண்டு. 3,000 முதல் 5,000 யென் வரை போதும். மன்னிப்பைக் கேட்டு முடித்த பிறகே நீட்ட வேண்டும். வாங்கக் கூடாது என்று விதி வைத்திருக்கும் கம்பெனிகள் உண்டு. மறுத்தால் நம் ஊர் வழக்கப்படி ‘பரவாயில்லை சார், வாங்கிக்கோங்க’ என்று திணிக்காமல் திருப்பி எடுத்து வந்துவிடுங்கள்.

இப்போதும் காலம் போய்விடவில்லை. மேலாளரோடு நேரில் போங்கள். அதே ரீமர் ஓடும் மற்ற பாகங்களையும் அளந்து, அந்தத் தாளைக் கையில் வைத்திருங்கள். அடுத்து அதைத்தான் கேட்பார்கள்.