பரணில் கிடக்கும் நாயனம்

கேள்வி: என் அப்பா தஞ்சை வட்டாரத்தில் பேர் வாங்கிய நாயனக்காரர். காலமாகி 11 வருஷம் ஆகிறது. இப்போது அவருடைய வாழ்க்கையை ஒருவர் படமாக எடுக்கிறார். அப்பா குள்ளம், நல்ல கறுப்பு, அகன்ற மூக்கு. நடிக்கிறவரோ ஆறடி, சிவந்த நிறம். மேக்கப் போட்டுக் கறுப்பாக்கப் போகிறார்களாம். 19 வயதாகும் என் மகன் அச்சு அசலாகத் தாத்தாதான், ஊரே சொல்லும். அவனைக் கூட்டிப்போய் இயக்குநரிடம் காட்டினேன். "வாசிக்கத் தெரியுமா?" என்று கேட்டார். தெரியாது என்றதும் அனுப்பிவிட்டார். அந்த நடிகர் ஏழு மாதமாக அப்பாவின் சிஷ்யர் ஒருவர் வீட்டுத் திண்ணையே கதி என்று கிடக்கிறாராம். ஒருநாள் எங்கள் வீட்டுக்கும் வந்து, பரணில் கிடக்கும் அப்பா வாத்தியத்தை ஒரு தடவை பார்க்கலாமா என்று கேட்டார். அம்மா "எடுத்துக் கொடு" என்றார். முடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அப்பா மாதிரியே இல்லாத ஒருவர் அப்பாவாக நடிப்பதை எப்படித் தடுப்பது? வழக்குப் போடலாமா?

- பெயர் வேண்டாம், கும்பகோணம் அருகில்

பதில்: நீங்கள் அனுப்பியது நான்கு பக்கக் கடிதம். மேலே இருப்பது அதன் சுருக்கம். மூன்றரைப் பக்கம் முகத்தைப் பற்றியே எழுதியிருக்கிறீர்கள். மூக்கு, நிறம், உயரம், காதில் கிடந்த கடுக்கன் வரைக்கும். எனக்கு அதில் எதுவும் மனதில் நிற்கவில்லை. போகிற போக்கில் நீங்கள் எழுதிய அந்த "பரணில் கிடக்கும் அப்பா வாத்தியம்" என்ற இடத்தில் போய் நின்றவள், அங்கேயே நிற்கிறேன்.

வாத்தியம் ஏன் பரணில் இருக்கிறது?

வீட்டுப் பரணில் என்னென்ன இருக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். கல்யாணத்துக்கு வாங்கிய அண்டா, பஞ்சு பிதுங்கிய மெத்தை, கொலுப் பொம்மைப் பெட்டி. கொலுப் பொம்மையாவது நவராத்திரிக்கு நவராத்திரி கீழே இறங்கும். உங்கள் அப்பாவின் நாயனம் 11 வருஷமாக இறங்கவில்லை. ஒரு ஆயுத பூஜைக்காவது எடுத்துச் சந்தனம் வைத்தீர்களா? வைத்திருந்தால் நான்கு பக்கத்தில் ஒரு வரியாவது வந்திருக்கும்.

நீங்கள் வாசிக்கக் கற்றுக்கொள்ளவில்லை என்பதை நான் குறையாகச் சொல்லவே மாட்டேன். "இந்தப் பிழைப்பு என்னோடு போகட்டும், நீ படி" என்று அப்பாவே சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அப்படிச் சொன்ன நாயனக்காரர்கள் இந்த ஜில்லாவில் எத்தனையோ பேர். தாலி கட்டும்போது வாத்தியம் வேண்டும், பந்தி போடும்போது வாசித்தவர் கடைசியில் உட்கார வேண்டும் என்று வைத்திருந்த ஊர்கள் இவை. எந்தத் தகப்பனுக்குத் தன் பிள்ளையும் அதே பந்தியில் உட்கார மனசு வரும்? நீங்கள் வங்கி வேலைக்குப் போனது அவர் ஆசை, அதை நிறைவேற்றினீர்கள். சரி. ஆனால் வாசிக்காமல் இருப்பது வேறு, பரணில் ஏற்றுவது வேறு.

நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தில் கடைந்த வாத்தியம் என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். பெருமைதான். அந்த ஊர் நாகசுரத்துக்கு 2022-ல் புவிசார் குறியீடே கிடைத்தது. அந்த வாத்தியத்தில் எத்தனை துளை என்று எண்ணிப் பார்த்ததுண்டா? விரல் வைத்து வாசிக்க ஏழு. அதற்குக் கீழே, அணசு என்கிற விரிந்த அடிவாய்ப் பக்கமாக, விரலே போகாத ஐந்து துளைகள் இருக்கும். வாசிக்கிறவர் அவற்றில் மெழுகு வைத்துச் சுருதியைச் சரிசெய்துகொள்வார். எந்தத் துளையை அடைப்பது, எவ்வளவு அடைப்பது, எதைத் திறந்து விடுவது என்பதெல்லாம் அவரவர் காது சொல்கிறபடி. கொஞ்சம் வைத்து, வாசித்து, நகத்தால் சுரண்டி, மறுபடி வாசித்துப் பார்த்து வைக்கும் மெழுகு அது. உங்கள் அப்பா கடைசியாக வைத்த மெழுகு, அவர் கட்டை விரல் ரேகையோடுகூட, இன்னும் அந்தத் துளைகளில் இருக்கலாம். கூடவே நூலில் கோத்த, வாயில் வைத்து ஊதுகிற நாணல் சீவாளிகளும் அதைச் சரிசெய்கிற குச்சியும் தொங்கிக்கொண்டிருக்கும். அவர் வாயில் வைத்து ஊறவைத்த சீவாளி.

அந்த நடிகர் பார்க்கக் கேட்டது இதைத்தான். அப்பாவின் போட்டோவைக் கேட்கவில்லை, கடுக்கனைக் கேட்கவில்லை. வாத்தியத்தைக் கேட்டார். உங்கள் அப்பா யார் என்று தெரிந்துகொள்ள எங்கே பார்க்க வேண்டும் என்று அந்தப் பிள்ளைக்குத் தெரிந்திருக்கிறது. "திண்ணையே கதி என்று கிடக்கிறாராம்" என்று இளப்பமாக எழுதுகிறீர்களே, உங்கள் அப்பாவும் தன் குருநாதர் வீட்டில் அப்படிக் கிடந்துதானே கற்றிருப்பார்? சீவாளியை உதட்டில் வைத்து ஒழுங்காக ஒரு சத்தம் வரவழைப்பதற்குள் கன்னம் கழன்றுபோகும். ஏழு மாதம் அதைச் செய்கிறவரைக் கேலி பேச நமக்கு உரிமை இல்லை.

தில்லானா மோகனாம்பாள் படத்தை எத்தனை தடவை பார்த்திருப்பீர்கள்? 1968-ல் வந்த அந்தப் படத்தில் சிவாஜிக்காக வாசித்தவர்கள் மதுரை எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். சிவாஜி பிடித்தது வாத்தியத்தை மட்டும். ஆனால் மூச்சை எடுப்பதும், கன்னம் உப்புவதும், கழுத்து நரம்பு புடைப்பதும், பிடி முடிந்ததும் கண் ஒருமுறை பக்கத்து ஆளைப் பார்த்துத் திரும்புவதும் நாயனக்காரருடையவை. கதை கற்பனை, ஆள் கற்பனை. இருந்தும் நாயனக்காரர் வீடுகளில் அந்தப் படத்தைத் தங்கள் படம் என்று கொண்டாடினார்கள். முகம் பார்த்தா கொண்டாடினார்கள்?

நிஜ மனிதரைப் பற்றிய படம் என்று கேட்பீர்கள். அமெரிக்கப் பாடகர் ரே சார்ல்ஸ் வாழ்க்கை 2004-ல் படமாக வந்தது. ரேவுக்குச் சிறு வயதிலேயே பார்வை போய்விட்டது. அவராக நடித்த ஜேமி ஃபாக்ஸ், படப்பிடிப்பில் தன் இமைகளை ஒட்டி மூடிக்கொண்டே நடித்தார். அதற்கு முன்னால் ரே அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து இருவருமாகப் பியானோ வாசித்தார்கள். தப்பாக ஒரு சுரம் விழுந்ததும் ரே கண்டித்தார். தன்னைப் போல இருக்கிறானா என்று அவர் கண்ணால் பார்க்க வழியே இல்லை. காதால்தான் பார்த்தார். படம் வெளிவருமுன் அவர் இறந்துவிட்டார். ஃபாக்ஸுக்கு ஆஸ்கார் கிடைத்தது. நம் பக்கத்திலும் 1935-லேயே நந்தனார் என்ற ஆண் வேடத்துக்கு கே.பி. சுந்தராம்பாளை ஒரு லட்சம் ரூபாய் சம்பளம் பேசி அழைத்தார்கள். அந்தப் பணம் குரலுக்கு.

ஆனால் நிறத்தைப் பற்றி நீங்கள் எழுதியதில் நியாயம் இருக்கிறது. அதை விட்டுக்கொடுக்காதீர்கள். உயரம் ஒத்துப்போகாததும் நிறத்தைப் பூசிக்கொள்வதும் ஒன்றில்லை. நினா சிமோன் என்ற கறுப்பினப் பாடகியைப் பற்றி 2016-ல் ஒரு படம் வந்தது. நடித்த ஸோயி சல்டானா, நினாவைவிட வெளுத்த நிறம். முகத்துக்குக் கருமை பூசி, செயற்கை மூக்கு ஒட்டி நடித்தார். அந்த நிறத்துக்காகவும் அந்த மூக்குக்காகவும் ஆயுள் முழுக்க அவமானப்பட்டு, அதையே நிமிர்ந்து நின்று பாடியவர் நினா. அதைப் பூசிக் கழுவிக்கொள்ள முடியுமா என்று கேட்டார்கள். 2020-ல் சல்டானா, தான் அந்த வேடத்தை ஏற்றிருக்கவே கூடாது என்று வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். உங்கள் அப்பா பந்தியில் கடைசியில் உட்கார்ந்தது எந்த உடம்போடு என்று உங்களுக்குத் தெரியும். அதனால் இயக்குநரிடம் போய், "என் அப்பாவாக யார் வேண்டுமானாலும் நடிக்கட்டும், கறுப்பு மட்டும் பூசாதீர்கள்" என்று சொல்லுங்கள். எழுதியே கொடுங்கள். நிறம் முக்கியம் என்றால் நம் ஊரில் கறுப்பான நடிகர்களுக்கு என்ன பஞ்சம் என்றும் கேளுங்கள். அது நியாயமான கேள்வி.

வழக்கு வேண்டாம். ஜெயலலிதாவின் வாழ்க்கையைச் சொல்லும் படத்தைத் தடுக்க அவருடைய அண்ணன் மகள் தீபா சென்னை உயர் நீதிமன்றம் வரைக்கும் போனார். தடை கிடைக்கவில்லை. இறந்தவரோடு அவருடைய அந்தரங்க உரிமையும் முடிந்துவிடுகிறது, வாரிசுக்கு வராது என்றது 2021-ல் வந்த தீர்ப்பு. முகம் ஒத்துப்போகவில்லை என்று நீங்கள் போய் நின்றால் செலவுதான் மிஞ்சும்.

இப்போது உங்கள் மகன். எனக்கு நிஜமாகவே கோபம் வந்தது இங்கேதான். 19 வயதுப் பிள்ளையைக் கூட்டிப்போய், முகத்தைக் காட்டி, வேஷம் கேட்டிருக்கிறீர்கள். "வாசிக்கத் தெரியுமா" என்று கேட்டபோது தலை குனிந்தது யார்? அவன். தாத்தா போகும்போது அவனுக்கு எட்டு வயது. வாத்தியத்தைப் பரணில் ஏற்றியது அவனில்லையே. ஐஸ் க்யூப் என்ற அமெரிக்க ராப் பாடகரின் வேடத்தில் 2015-ல் அவருடைய மகனே நடித்தார், முகமும் அப்படியே அப்பா. அவர்கூட நடிப்புப் பயிற்சி எடுத்து, தேர்வுகளில் நின்றுதான் அந்த வேடத்தை வாங்கினார். உங்கள் பிள்ளையை நீங்கள் வெறுங்கையோடு அனுப்பினீர்கள். அவனிடம் முதலில் மன்னிப்புக் கேளுங்கள். அப்பாக்கள் பிள்ளைகளிடம் மன்னிப்புக் கேட்கலாம்.

அடுத்தது அம்மா. அவர் "எடுத்துக் கொடு" என்றார். அந்த வாத்தியத்தின் சத்தத்தோடு குடும்பம் நடத்தியவர் அவர். சட்டப்படி யாருக்கு எவ்வளவு பங்கோ, என் கணக்கில் கணவரின் வாத்தியம் மனைவியுடையது. வந்த பிள்ளையைப் பார்த்து, கொடுக்கலாம் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. உங்கள் அப்பாவின் சாயல் யாரிடம் இருக்கிறது என்று சொல்ல இந்த உலகத்தில் அவரைவிடத் தகுதியானவர் கிடையாது. நீங்கள் அவர் எதிரிலேயே முடியாது என்று சொல்லி அனுப்பினீர்கள். நான்கு பக்கத்தில் அதற்காக ஒரு வருத்தம்கூட இல்லை.

இந்த வெள்ளிக்கிழமை வாத்தியத்தைக் கீழே இறக்குங்கள். அம்மா கையில் கொடுங்கள். சிஷ்யருக்கு நீங்களே போன் செய்து, நடிகரையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்குச் சாப்பிட வரச் சொல்லுங்கள். முதல் பந்தியில் உட்கார வைத்து நீங்களே பரிமாறுங்கள். இயக்குநரிடம் பேசும்போது இன்னொன்றும் கேட்டு வாங்குங்கள்: படத்தில் நாயனம் வாசிக்கப்போவது யார்? அந்தச் சிஷ்யரா? அவருக்கு என்ன சம்பளம், டைட்டிலில் அவர் பெயர் எந்த இடத்தில் வருகிறது? 11 வருஷமாக அப்பாவின் பாணியை மூச்சில் வைத்துக் காப்பாற்றியவர் அவர். முகத்துக்காகச் சண்டை போட்ட நீங்கள் அவர் பெயருக்காகச் சண்டை போடுங்கள், நான் உங்கள் பக்கம் நிற்கிறேன். மகனுக்கு ஆசை இருந்தால் அவரிடமே அனுப்புங்கள். படத்துக்காக வேண்டாம். ஆசை இல்லையென்றால் கட்டாயமும் வேண்டாம்.

இறக்கும்போது ஜாக்கிரதை. தூசி தட்டுகிறேன், எண்ணெய் போடுகிறேன் என்று அணசுப் பக்கத் துளைகளில் கை வைக்காதீர்கள். அந்த மெழுகை முதலில் சிஷ்யர் வந்து பார்க்கட்டும்.