மோதிய வண்டிக்கு இன்சூரன்ஸ் இல்லை. எங்கள் பாலிசிகளை எல்லாம் சேர்த்து வாங்க முடியுமா?

பல்லடத்திலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "ஆறு வாரம் முன்பு நானும் கணவரும் பைக்கில் போகும்போது ஒரு குட்டியானை சரக்கு வண்டி மோதியது. அவருக்கு வலது கால் எலும்பு முறிந்து ராடு வைத்திருக்கிறார்கள். எனக்கு இடது மணிக்கட்டிலும் இடுப்பிலும் முறிவு. நான் வீட்டில் தையல் வேலை செய்கிறேன். மோதிய வண்டிக்கு இன்சூரன்ஸ் முடிந்து நான்கு மாதம் ஆகிவிட்டதாம். எங்களிடம் பைக்குக்கு ஃபுல் கவர், அதில் 15 லட்சம் தனிநபர் விபத்துக் காப்பு, கணவர் வேலை செய்யும் கல்லூரியில் 2 லட்சம் குரூப் மெடிக்ளெய்ம், சொந்தமாக 3 லட்சம் குடும்ப மெடிக்ளெய்ம் இருக்கிறது. எல்லாவற்றிலும் சேர்த்து வாங்கலாமா? ஆஸ்பத்திரியில் அறிமுகமான ஒருவர், கேஸ் போட்டாலும் பைசா வராது, இன்சூரன்ஸ் உள்ள வேறு வண்டியைக் காட்டி எழுதிவிடலாம் என்கிறார். வக்காலத்தில் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்."

வாங்கலாம். ஆனால் ஒரே ரூபாயை இரண்டு இடத்தில் வாங்க முடியாது. உங்களிடம் இருப்பவை மூன்று வகை. மருத்துவ பில்லைக் கட்டுகிற பாலிசி ஒரு வகை. பில்லைப் பார்க்காமல், இன்ன ஊனத்துக்கு இவ்வளவு என்று தருவது இன்னொரு வகை. அடுத்தவருக்கு நாம் கொடுக்க வேண்டிய இழப்பீட்டை நமக்காகக் கட்டுகிற மூன்றாம் நபர் காப்பு மூன்றாவது வகை. ஒவ்வொன்றையும் அதனதன் இழப்புக்குப் பயன்படுத்தினால் தொகை கூடும். கலந்து குழப்பினால் ஒன்று இன்னொன்றை அடித்துவிடும்.

பாலிசிகளைத் தொடுவதற்கு முன் அந்தக் குட்டியானையைக் கவனியுங்கள். இன்சூரன்ஸ் இல்லாத வழக்கில் உங்கள் கைக்கு எட்டும் முதல் சொத்து அந்த வண்டிதான். எல்லோரும் கோட்டைவிடுவதும் அங்கேதான்.

நிஜமாகவே இன்சூரன்ஸ் இல்லையா என்பதை முதலில் உறுதி செய்யுங்கள். ஓட்டுநர் சொன்னதையும் ஸ்டேஷனில் வாய்வார்த்தையாகச் சொன்னதையும் நம்ப வேண்டாம். எம்-பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டால் பாலிசி எந்தத் தேதி வரை என்று தெரியும். வண்டி கை மாறியிருந்தாலும் பழைய உரிமையாளர் பெயரிலுள்ள பாலிசி நடப்பில் இருந்தால் மூன்றாம் நபர் காப்பு வண்டியோடு சேர்ந்தே போகும். பாலிசி இல்லாவிட்டால், "நான் விற்றுவிட்டேன், எனக்குச் சம்பந்தமில்லை" என்று ஆர்.சி.யில் பெயர் உள்ளவர் கை கழுவ முடியாது. பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே பொறுப்பு என்று 2018-ல் சுப்ரீம் கோர்ட் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆகவே ஆர்.சி. உரிமையாளர், இப்போது வண்டியை வைத்திருப்பவர், ஓட்டுநர் மூவரையும் மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் போடும் மனுவில் எதிர்மனுதாரர்களாகச் சேர்க்க வக்கீலிடம் சொல்லுங்கள்.

அடுத்து மாஜிஸ்திரேட் கோர்ட். விபத்து வண்டியை விடுவிக்கச் சொல்லி உரிமையாளர் சில நாட்களிலேயே அங்கே மனுப் போடுவார். 2022 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ள மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் இல்லாத வண்டி ஆளைக் காயப்படுத்தியிருந்தால், இழப்பீட்டுக்குப் போதுமான பிணையை உரிமையாளர் கட்டும்வரை கோர்ட் அதை விடுவிக்கக் கூடாது. பிணை வராவிட்டால், போலீஸ் வண்டியைக் கைப்பற்றி மூன்று மாதம் கழிந்ததும் கோர்ட் அதைப் பொது ஏலத்தில் விற்று, 15 நாளுக்குள் பணத்தை இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் கட்ட வேண்டும். விதி இவ்வளவு தெளிவாக இருந்தும், காயம்பட்டவர் தரப்பில் யாரும் வந்து நிற்காததால் சாதாரண ஜாமீன் பத்திரத்தோடு வண்டி வெளியே போய்விடுகிறது. நீங்கள் நடக்க முடியாத நிலையில் இருப்பீர்கள். அண்ணனையோ தம்பியையோ அனுப்பி, விடுவிப்பு மனு நிலுவையில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் வக்கீல் மூலம் ஆட்சேபணை போடுங்கள். ஆறு வாரம் ஓடிவிட்டது. இதை இந்த வாரமே செய்ய வேண்டும். வண்டி ஏற்கெனவே போயிருந்தால் எந்தப் பிணையின் பேரில் விட்டார்கள் என்று உத்தரவின் நகலை வாங்குங்கள்.

குட்டியானை போல 7,500 கிலோ வரை மொத்த எடையுள்ள சரக்கு வண்டிக்கு 2022 ஜூன் முதல் நிர்ணயித்த மூன்றாம் நபர் பிரீமியம் ஆண்டுக்கு 16,049 ரூபாய், வரி தனி. இன்சூரன்ஸ் இல்லாமல் ஓட்டிப் பிடிபட்டால் முதல் தடவை அபராதம் 2,000 ரூபாய், அடுத்த தடவை 4,000. சிறைத் தண்டனைக்கும் சட்டத்தில் இடம் உண்டு. யாருக்கும் அதில் பயமில்லை. நான்கு தடவை பிடிபட்டாலும் அபராதம் பிரீமியத்தைத் தொடாது என்றால் யார் கட்டுவார்கள்? எண்ணைத் தட்டினால் பாலிசி தேதி தெரிகிற காலத்தில், இன்சூரன்ஸ் காலாவதியான வண்டி நான்கு மாதம் சுமையேற்றிக்கொண்டு ஓட முடிகிறது. அதற்கான விலையை மணிக்கட்டு முறிந்த பெண் கொடுக்க வேண்டியிருக்கிறது.

இனி மருத்துவ பில். இரண்டு மெடிக்ளெய்மையும் பயன்படுத்தலாம். எதை முதலில் என்பது உங்கள் விருப்பம். முதலில் கல்லூரியின் குரூப் பாலிசியை எடுங்கள். வேலை போனால் அது போய்விடும், பில் அதற்குள் அடங்கினால் சொந்த பாலிசிக்கு இருக்கும் போனஸும் குறையாமல் இருக்கும். உதாரணத்துக்கு, அவருடைய பில் 3,80,000 ரூபாய் என்றால் குரூப்பில் 2 லட்சம், மீதி 1,80,000-க்குக் குடும்ப பாலிசி. கையுறை, பஞ்சு, பதிவுக் கட்டணம், வரம்பை மீறிய அறை வாடகை என்று ஒரு தொகையை வெட்டுவார்கள். அந்த வெட்டுத் தொகை, பிசியோதெரபி, ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த வண்டிச் செலவு, பிறகு ராடு எடுக்கும் ஆபரேஷன் செலவு எல்லாம் தீர்ப்பாய மனுவில் சேரும். ராடு எடுக்க எவ்வளவு ஆகும் என்று டாக்டரிடம் இப்போதே எழுதி வாங்குங்கள்.

இதில் பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. ஒரிஜினல் பில்கள் முதல் கம்பெனிக்குப் போய்விடும். இரண்டாவது கம்பெனியும் தீர்ப்பாயமும் அவற்றையே கேட்கும். டிஸ்சார்ஜ் ஆகும்போதே ஆஸ்பத்திரி முத்திரையோடு இன்னொரு செட் கேளுங்கள். முதல் கம்பெனியிடம், பில் எவ்வளவு, கொடுத்தது எவ்வளவு, வெட்டியது எவ்வளவு என்று காட்டும் செட்டில்மென்ட் கடிதம் வாங்குங்கள். ராடு, பிளேட்டின் ஸ்டிக்கர் ஒட்டிய பில் தனியாக வேண்டும். மெடிக்ளெய்மில் வந்த பணத்தை இழப்பீட்டிலிருந்து கழிக்க வேண்டுமா என்பதில் கோர்ட்டுகள் ஒரே மாதிரி சொல்வதில்லை. மறைக்க மட்டும் வேண்டாம். குறுக்கு விசாரணையில் வெளியே வந்தால் உண்மையான செலவையும் சந்தேகிப்பார்கள்.

15 லட்சம் தனிநபர் விபத்துக் காப்பைப் பற்றி ஏமாற்றம் தரும் செய்தி. அது எலும்பு முறிவுக்கு ஒரு ரூபாய்கூடத் தராது. மரணத்துக்கும், இரண்டு கை கால் அல்லது இரண்டு கண் பார்வை போனாலும், நிரந்தரமாக முழு ஊனம் ஆனாலும் முழுத்தொகை. ஒரு கை, கால் அல்லது ஒரு கண் பார்வை போனால் பாதி. அவ்வளவுதான். அதுவும் வண்டி உரிமையாளரே முறையான லைசென்ஸோடு ஓட்டியிருந்தால்தான். கால் கூடிவிட்டால் இந்தக் காப்பை மறந்துவிடுங்கள். ஆனால் காயத்தில் சீழ் வைத்து நிலைமை மோசமானால், விபத்திலிருந்து ஆறு மாதத்துக்குள் ஏற்பட்ட இழப்பு என்று காட்டியாக வேண்டும். அதனால் கம்பெனிக்கு இப்போதே ஒரு தகவல் கடிதம் அனுப்பி வையுங்கள்.

உங்கள் விஷயம் உங்கள் கணவருடையதிலிருந்து வேறு. இதை நிதானமாகப் படியுங்கள், ஏனென்றால் இது வக்கீல்களே சில நேரம் விட்டுவிடுகிற வழி.

கணவர் ஓட்டியவர். அவர் தன் பைக்கின் இன்சூரன்ஸிடம் காயத்துக்கு இழப்பீடு கேட்க முடியாது. அந்தக் காப்பு அடுத்தவருக்கானது. நீங்கள் பின்னால் உட்கார்ந்திருந்தவர். விபத்தில் இரண்டு வண்டி ஓட்டுநர்களின் தவறும் சேர்ந்திருந்தால், பின்னால் இருந்தவர் இழப்பீடு முழுவதையும் இரண்டு பேரில் யாரிடம் வேண்டுமானாலும் கேட்கலாம் என்று 2015-ல் சுப்ரீம் கோர்ட் தீர்த்துச் சொன்னது. குட்டியானை பக்கம் 80 சதவீதத் தவறு, பைக் பக்கம் 20 சதவீதம் என்று தீர்ப்பாயம் பிரித்தாலும், உங்களுக்குரிய முழுத்தொகையையும் பைக்கின் கம்பெனியிடம் வாங்க வழி இருக்கிறது. குட்டியானைக்காரரின் பங்கை வசூலிப்பது அப்புறம் அந்தக் கம்பெனியின் பாடு. இன்சூரன்ஸ் இல்லாத வண்டி மோதிய வழக்கில் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசித்துப் பாருங்கள்.

இதற்கு நான்கு முட்டுக்கட்டைகள் உண்டு. பைக் பாலிசி பேக்கேஜ் பாலிசியாக, அதாவது மூன்றாம் நபர் காப்பும் சொந்தச் சேதக் காப்பும் சேர்ந்ததாக இருக்க வேண்டும். வெறும் ஆக்ட் பாலிசி, அதாவது மூன்றாம் நபர் காப்பு மட்டும் என்றால் பின்னால் இருப்பவருக்குக் கம்பெனி பொறுப்பில்லை. 2018 செப்டம்பருக்குப் பிறகு வாங்கிய புதிய பைக்குகளுக்கு மூன்றாம் நபர் காப்பு ஐந்து வருடத்துக்குச் சேர்த்தே வரும். பலர் இரண்டாம் வருடம் சொந்தச் சேதக் காப்பைப் புதுப்பிக்காமல் விட்டுவிட்டு, "ஃபுல் கவர்தான் இருக்கு" என்று நம்பிக்கொண்டிருக்கிறார்கள். பாலிசித் தாளில் இரண்டு தேதிகளையும் பாருங்கள். இரண்டாவது, கணவரின் லைசென்ஸ் விபத்து நாளில் செல்லுபடியாக இருக்க வேண்டும். இல்லையென்றால் கம்பெனி உங்களுக்குக் கொடுத்துவிட்டு அவரிடமே வசூலிக்க உத்தரவு வாங்கும். பணம் வலது கையில் வந்து இடது கையில் போகும். மூன்றாவது, கணவர் பக்கம் தவறே இல்லை என்றால் இந்தக் கதவு மூடிவிடும். இல்லாத தவறை உண்டாக்கச் சொல்லவில்லை. விபத்து இடத்தைப் பார்த்து போலீஸ் எழுதிய பார்வை மகஜரும், வரைந்த ரஃப் ஸ்கெட்ச்சும் வாங்கி, எந்த இடத்தில் மோதியது, பைக் சாலையின் எந்தப் பக்கம் இருந்தது என்று பாருங்கள். அங்கே உள்ளதைத்தான் சொல்ல வேண்டும். நான்காவது, உங்கள் இருவர் மனுவும் ஒன்றாக விசாரணைக்கு வரும். அவர் மனுவில் "என் மேல் தவறே இல்லை" என்றும் உங்கள் மனுவில் "அவர் மேலும் தவறு" என்றும் எழுதினால் இரண்டும் சரியும். நடந்ததை நடந்தபடி எழுதி, தவறின் பங்கைத் தீர்மானிப்பதைத் தீர்ப்பாயத்திடம் விடுங்கள். அவர் பங்கு 20 சதவீதம் என்றால் அவருடைய இழப்பீட்டில் அவ்வளவு குறையும். அதையும் கூட்டிக் கழித்து முடிவெடுங்கள்.

மனுவில் பைக் உரிமையாளர் என்ற முறையில் கணவர் எதிர்மனுதாரராக வருவார். "வீட்டுக்காரர் மேலேயே கேஸா?" என்று உறவினர்கள் சத்தம் போடுவார்கள். அவர் பெயர் இருந்தால்தான் அவருடைய கம்பெனியை அழைக்க முடியும். அதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை.

பைக் சேதத்துக்குச் சொந்தச் சேதக் காப்பில் வாங்கிக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குப் பாதிதான் வரும், நோ கிளெய்ம் போனஸும் போகும். சேதம் சில ஆயிரம்தான் என்றால் விட்டுவிடுவதே லாபம்.

இப்போது அந்த ஆஸ்பத்திரி நண்பர். இன்சூரன்ஸ் உள்ள வேறு வண்டியைக் காட்டுவது குற்றம். கம்பெனிகள் இப்போது ஆக்சிடென்ட் ரெஜிஸ்டரில் முதல் நாள் டாக்டர் எழுதிய வாசகம், 108 ஆம்புலன்ஸ் பதிவு, செல்போன் டவர், வண்டியில் உள்ள இடி தடம் எல்லாவற்றையும் ஒப்பிடுகின்றன. பொய் பிடிபட்டால் உண்மையான இழப்பீடும் போகும், வழக்கும் உங்கள் பெயரில் வரும். கமிஷன் பேசியவர் அன்று போனை எடுக்க மாட்டார். அடையாளம் தெரியாத வண்டி என்று மாற்றி எழுதினால் அரசுப் பணம் வரும் என்றும் சிலர் சொல்வார்கள். இடித்துவிட்டு ஓடிய வண்டிக்கான அந்தத் திட்டத்தில் கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய்தான். உங்கள் மேல் மோதிய வண்டியின் எண் தெரியும், அதனால் அது உங்களுக்குப் பொருந்தவே பொருந்தாது.

ஸ்டேஷனில் வைத்து "முப்பதாயிரம் வாங்கிக்கொண்டு மேல் நடவடிக்கை வேண்டாம்" என்று எழுதித் தரும் பேச்சுக்கும் போகாதீர்கள். இழப்பீட்டில் இத்தனை சதவீதம் என்று வக்கீல் பங்கு பேசுவதை பார் கவுன்சில் விதியே தடுக்கிறது. வெற்றுச் செக், பாஸ்புக், ஏ.டி.எம். கார்டு எதையும் யாரிடமும் கொடுக்க வேண்டாம்.

மனுவை விபத்து நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் போட வேண்டும். போலீஸ் 90 நாளில் தீர்ப்பாயத்துக்கு விரிவான விபத்து அறிக்கை அனுப்ப வேண்டும், அதையே மனுவாக எடுத்துக்கொள்ளலாம் என்று சட்டம் இருக்கிறது. அந்த அறிக்கை சொன்ன நாளில் போய்ச் சேரும் என்று நம்பிக் காத்திருக்காதீர்கள், நீங்களே போடுங்கள். நீங்கள் குடியிருக்கும் பகுதித் தீர்ப்பாயத்திலேயே போடலாம். தெரியாத ஊரில் போடுவோம் என்று யாராவது சொன்னால் காரணம் கேளுங்கள். தையல் வருமானத்துக்கு ரசீது இல்லாவிட்டாலும் வாடிக்கையாளர் நோட்டு, நூல், துணி வாங்கிய பில், மெஷின் வாங்கிய தாள் போதும். தீர்ப்புக்குப் பிறகு உரிமையாளர் கட்டாவிட்டால், தீர்ப்பாயத்தின் சான்றிதழோடு கலெக்டர் மூலம் நிலவரி பாக்கி போல வசூலிக்க வழி உண்டு. மெதுவான வழிதான். அதனால்தான் வண்டியை முதலில் பிடிக்கச் சொன்னேன்.

கையெழுத்துப் போட்டுக் கொடுத்த வக்காலத்தை எழுத்து மூலம் திரும்பக் கேளுங்கள். பதிவுத் தபாலில் அனுப்பி, ரசீதைப் பத்திரமாக வையுங்கள். உங்கள் பெயரில் ஏற்கெனவே எங்காவது மனு தாக்கலாகியிருக்கிறதா என்று இ-கோர்ட்ஸ் தளத்தில் உங்கள் பெயரையும் கணவர் பெயரையும் போட்டுத் தேடிப் பார்த்துவிட்டுப் புதிய வக்கீலிடம் போங்கள்.