டிஜிட்டல் கொள்கை வேலையை எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில் இருக்கிறேன். பாடசாலையில் தகவல் தொழில்நுட்பம் படிப்பிக்கிறேன். தரவுப் பாதுகாப்பு, இணையச் சட்டம் போன்றவற்றில் கொள்கை வகுக்கும் வேலைக்கு வர விருப்பம். சட்டப் பட்டம் இல்லை. பயிற்சிகளும் கொழும்பில்தான் நடக்கின்றன. எப்படிப் பழகுவது?

பதில்: சட்டப் பட்டம் இல்லாதது தடையே அல்ல. முடிவெடுக்கும் அதிகாரி பஸ்ஸில் போய்ச் சந்திக்கும் தூரத்தில் இருக்கிற ஒரு பிரச்சினையைப் பிடியுங்கள். கொள்கை என்றால் நாடாளுமன்றச் சட்டம் மட்டுமல்ல, ஒரு சுற்றறிக்கையும் கொள்கைதான்.

உங்கள் கண்முன்னே உள்ளதையே சொல்கிறேன். ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பெறுபேறு வந்ததும் பிள்ளையின் படம், பெயர், புள்ளி எல்லாம் முகநூலில் ஏறிவிடுகின்றன. இதை “பிள்ளைகளின் தனியுரிமைக்கு ஆபத்து” என்று எழுதினால், வாசிக்கிற அதிகாரி தலையாட்டிவிட்டு வைத்துவிடுவார். “பெற்றோரின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் பாடசாலைப் பக்கங்களில் படமும் புள்ளியும் போடப்படுகின்றன, நீக்கச் சொல்லிக் கேட்க ஒரு நடைமுறை இல்லை” என்று எழுதிப் பாருங்கள். சம்மதப் படிவம், நீக்குவதற்குக் காலக்கெடு என்று தீர்வு அந்த வசனத்திலேயே கிடக்கிறது. இந்த வேலையின் பாதி இப்படி எழுதப் பழகுவதுதான்.

ஆனால் எழுதியது உண்மையா? உங்கள் வலயத்தில் இருபது பாடசாலைகளின் பக்கங்களை எடுத்து எண்ணுங்கள். படம் போடுகிற அதிபரிடமும் பேசுங்கள். பிள்ளையைக் கௌரவிக்கிறோம் என்று அவர் மனதார நம்புவார். அந்த நியாயத்துக்கு இடம் கொடுக்காத அறிக்கையை எந்த அதிபரும் நடைமுறைப்படுத்த மாட்டார்.

அப்புறம், யாருக்கு அதிகாரம்? 1987இன் 13ஆவது திருத்தத்தால் மாகாணப் பாடசாலைகள் வடமாகாணக் கல்வி நிர்வாகத்தின் கீழ் வருகின்றன. தேசியப் பாடசாலைகள் மத்திய கல்வி அமைச்சின் கீழ். ரியூசன் நிலையங்களுக்குப் பாடசாலைச் சுற்றறிக்கைகள் எட்டவே எட்டாது. இதைப் பிரித்துப் பார்க்காமல் மனுவைத் தவறான மேசையில் கொடுத்து மாதக்கணக்கில் காத்திருப்பவர்கள் ஏராளம்.

ஏற்கனவே என்ன விதி இருக்கிறது என்று அறிய 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. தமிழிலேயே எழுதலாம். தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் முடிவைச் சொல்ல வேண்டும். “ஏன் நடவடிக்கை இல்லை?” என்று கேட்டால் மழுப்பலான பதில்தான் வரும். “மாணவர் படங்களை வெளியிடுவது பற்றி 2020 முதல் அனுப்பிய சுற்றறிக்கைகளின் பிரதிகள்” என்று ஆவணமாகக் கேளுங்கள். அப்படி எதுவும் இல்லை என்று பதில் வந்தால், அதுவே உங்கள் அறிக்கைக்கு வலுவான சான்று.

கூடவே 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைப் பேனையோடு வாசியுங்கள். ஒவ்வொரு பிரிவின் ஓரத்திலும் யார், என்ன, எப்போது செய்ய வேண்டும் என்று குறியுங்கள். சட்டம் நிறைவேறியது என்பதும் நடைமுறைக்கு வந்தது என்பதும் ஒன்றல்ல. இந்தச் சட்டத்தின் பகுதிகளுக்கு வெவ்வேறு தொடக்கத் திகதிகள் உண்டு. வர்த்தமானியைப் பார்த்துவிட்டே மேற்கோள் காட்டுங்கள்.

இணையவழிப் பாடங்களும் உதவும். இணையப் பெயர்களையும் முகவரிகளையும் ஒருங்கிணைக்கும் ஐகான் (ICANN), இணைய வளர்ச்சிக்காக இயங்கும் இன்டர்நெட் சொசைட்டி என்ற இரண்டு சர்வதேச அமைப்புகளும் இலவசமாகத் தருகின்றன. இணையம் எப்படி நிர்வகிக்கப்படுகிறது என்று அவை சொல்லும். வலயக் கல்விப் பணிமனையில் எப்படிப் பேசுவது என்பதைச் சொல்லா. அதைப் போய்த்தான் பழகவேண்டும், இரண்டே பக்க அறிக்கையோடு.

இந்தப் பழக்கம் பெரிய சட்டங்களுக்கும் தேவை. இணையப் பதிவுகளைக் கட்டுப்படுத்தும் நிகழ்நிலைக் காப்புச் சட்டமூலம் (Online Safety Bill) 2023 செப்டெம்பரில் வர்த்தமானியில் வந்தது; 2024 ஜனவரி 24 அன்று நிறைவேறியது. நம் நாட்டில் சட்டமாகிவிட்ட ஒன்றை அரசியலமைப்புக்கு முரண் என்று நீதிமன்றத்தில் கேள்வி கேட்க முடியாது. எதிர்ப்போ திருத்தமோ அதற்கு முன்பே போயாக வேண்டும். அரச அச்சகத் திணைக்களத்தின் தளத்தில் சட்டமூலங்கள் தமிழிலும் வருகின்றன. வந்த வாரமே உட்கார்ந்து வாசிக்க, சட்டம் படித்த ஒருவர், ஒரு பெற்றோர், ஒரு கிராம அலுவலர் என்று நாலு பேரை இப்போதே சேர்த்து வையுங்கள்.