ஒன்றரை மடங்கு வேகத்தில்

அன்புள்ள அக்கா,

நாங்கள் ஏழெட்டு நண்பர்கள் வாரம் ஒரு படம் பார்த்துவிட்டுப் பேசுகிறோம். இந்த முறை பெண்கள் இயக்கிய படங்களில் ஆளுக்குப் பத்து எழுதி, மதிப்பெண் போட்டு, ஒரே பட்டியலாக்கினோம். எனக்கு முதலிடம் ஆக்னஸ் வர்தாவின் ‘கிளியோ 5 முதல் 7 வரை’. கூட்டிப் பார்த்தால் ஜேன் கேம்பியனின் ‘தி பியானோ’ முதலில் வந்துவிட்டது. சண்டை இன்னும் ஓயவில்லை. பெண் இயக்குநர்களுக்குத் தனிப் பட்டியல் போடுவதே அவமானம் என்கிறார் ஒரு நண்பர். ‘சைட் அண்ட் சவுண்ட்’ என்ற பிரிட்டிஷ் சினிமா இதழ் சிறந்த படங்களுக்காக நடத்திய 2022 வாக்கெடுப்பில் சாந்தால் அகெர்மானின் ‘ழான் தியல்மான்’ முதலிடம் பெற்றதே பொலிட்டிக்கல் கரெக்ட்னஸுக்காகத்தான், அமெரிக்க இயக்குநர் பால் ஷ்ரேடரே சொல்லிவிட்டார் என்கிறார் இன்னொருவர். உண்மையைச் சொன்னால் அந்தப் படத்தை நான் ஒன்றரை மடங்கு வேகத்தில்தான் பார்த்தேன். எதையும் தவறவிட்டதாகத் தோன்றவில்லை. எட்டாம் இடம் கொடுத்தேன். கூடப் பார்த்த நண்பர் பாதியில் தூங்கிவிட்டு, மதிப்பெண்ணே போட மாட்டேன் என்று சொல்லிவிட்டார். பெண்ணின் பார்வை என்று தனியாக ஒன்று இருக்கிறதா? உங்கள் முதலிடம் எது?

அன்புடன்,
உங்கள் வாசகன்

*

அன்புள்ள தம்பிக்கு,

மற்ற கேள்விகளோடு மட்டும் வந்திருந்தால் இந்தக் கடிதத்துக்கு இரண்டு வரியில் பதில் எழுதி முடித்திருப்பேன். அந்த ஒன்றரை மடங்கு வேகம்தான் என்னை உட்கார வைத்துவிட்டது. கொஞ்ச நாளாகவே அதைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். நீங்களே வந்து மாட்டிக்கொண்டீர்கள். மறைக்காமல் சொன்னதற்கு முதலில் நன்றி. இப்படிப் பார்க்கிறவர்கள் நிறையப் பேர், சொல்கிறவர்கள்தான் குறைவு.

வாக்கெடுப்பு விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். ‘சைட் அண்ட் சவுண்ட்’ 1952-இலிருந்து பத்தாண்டுக்கு ஒருமுறை இதை நடத்துகிறது. வாக்களிப்பவர் பத்துப் படங்களின் பெயரைக் கொடுப்பார். அதில் வரிசை கிடையாது, பத்துக்கும் ஒரே மதிப்புதான். ஆகவே ‘உலகத்திலேயே சிறந்த படம் இதுதான்’ என்று ஒருவர்கூட நினைக்காமலேயே ஒரு படம் முதலிடத்துக்கு வந்துவிட முடியும். நிறையப் பேருடைய பத்தில் அது இருந்தது என்பதுதான் அந்த முதலிடத்துக்கு அர்த்தம். 2012-இல் 846 பேர் வாக்களித்தார்கள். முதல் நூறில் பெண்கள் இயக்கியவை இரண்டே இரண்டு. 2022-இல் 1,639 பேர். இணைந்து இயக்கியதையும் சேர்த்தால் பதினொன்று. யாரைக் கேட்டார்கள் என்பது மாறியது, பதிலும் மாறியது. முந்தைய அறுபது ஆண்டுகளில் கேட்கப்பட்டவர்களுக்கும் ஒரு சாய்வு இருந்திருக்கும் என்று உங்கள் நண்பருக்கு ஏன் தோன்றவில்லை? ஷ்ரேடர் எரிச்சல்பட்டது அந்தப் படம் திடீரென்று முதலிடத்துக்குத் தாவியதைப் பார்த்து. அதைச் சொன்ன அதே ஃபேஸ்புக் பதிவில் அதை மகத்தான படம் என்றும் தனக்குப் பிடித்த படம் என்றும் எழுதியிருந்தார். பாதியை மட்டும் படித்துவிட்டு வந்து சண்டை போடக் கூடாது.

பெண்ணின் பார்வை பற்றி. கேத்ரின் பிக்லோவின் போர்ப் படமான ‘தி ஹர்ட் லாக்க’ரையும் வேரா கித்திலோவாவின் குறும்புக்காரப் பெண்கள் இருவரின் கதையான ‘டெய்சிஸ்’ படத்தையும் அடுத்தடுத்து பாருங்கள். இரண்டுக்கும் பொதுவான ஒரு பார்வையைக் கண்டுபிடித்தால் எழுதுங்கள், நானும் தெரிந்துகொள்கிறேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

‘ழான் தியல்மான்’ 201 நிமிடம். ஒன்றரை மடங்கில் ஓட்டினால் 134. உங்களுக்கு ஒரு மணி ஏழு நிமிடம் மிச்சமாகியிருக்கிறது. போன வருடம் நீங்கள் எழுதிய கடிதம் ஒன்று இன்னும் என்னிடம் இருக்கிறது. குரோசாவாவின் ‘ஏழு சாமுராய்’ பற்றி நாலு பக்கம் உருகியிருந்தீர்கள். அது 207 நிமிடம், இதைவிட ஆறு நிமிடம் அதிகம். அதை எந்த வேகத்தில் பார்த்தீர்கள்? நிஜ வேகத்தில்தானே? அங்கே விவசாயிகள் கொள்ளையருக்காகக் காத்திருக்கும்போது உங்களுக்கும் காத்திருக்கத் தெரிந்தது. இங்கே ஒரு பெண் உருளைக்கிழங்கு உரிக்கும்போது மட்டும் கை பட்டனுக்குப் போய்விட்டது.

கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்களை மட்டும் சொல்லவில்லை.

நான் இந்தப் படத்தை முதலில் பார்த்தது ஒரு திரைப்படக் கழகத்தின் திரையிடலில். 16 எம்எம் பிரதி, படச்சுருள்கள் டப்பா டப்பாவாக வந்திருந்தன. வந்தவர்களுக்கு டீ கொடுப்பது, நாற்காலி போடுவது எல்லாம் எங்களைப் போன்ற இளையவர்களின் வேலை. படம் முடிந்து விவாதம் தொடங்கியது. கழகத்தில் மதிப்போடு பார்க்கப்பட்ட ஒருவர் எழுந்து, முடிவு எங்கிருந்தோ குதிக்கிறது, அந்தப் பெண் அப்படிச் செய்யக் காரணமே இல்லை, திரைக்கதையில் பெரிய ஓட்டை என்று பேசினார். எல்லாரும் தலையாட்டினார்கள். நான் டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டு புரொஜெக்டர் பக்கம் போனேன். மேசைக்கு அடியில் ஒரு டப்பா, ஒட்டிய டேப்பைக்கூடப் பிரிக்காமல் கிடந்தது. ஆபரேட்டரிடம் கேட்டேன். “நேரமாகுதுன்னு அமைப்பாளர்தான் விடச் சொன்னார். சமையல்கட்டு சீன்தானாம், கதை ஒண்ணும் போகாதாம்” என்றார்.

அன்றைக்கு யாரிடமும் நான் எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் அந்தச் சபையில் எடுபட்டிருக்காது. படத்தை முழுசாகப் பார்க்கப் பல வருடம் ஆனது. அப்போதுதான் அந்த டப்பாவுக்குள் என்ன இருந்தது என்று தெரிந்தது. திரைக்கதையின் ஓட்டை என்று அவர் சொன்னது ஓட்டுபவர் போட்ட ஓட்டை.

(படம் பார்க்காதவர்கள் அடுத்த மூன்று பத்திகளைத் தாண்டிவிடலாம்.)

பிரஸ்ஸல்ஸில் ஒரு அடுக்குமாடி வீடு. விதவையான அம்மா, பள்ளிக்குப் போகும் மகன். மூன்று நாள் கதை. காலையில் எழுந்து காபி, மகனின் ஷூவுக்குப் பாலிஷ், கடைக்குப் போய் வருவது, மதியம் உருளைக்கிழங்கை அடுப்பில் வைத்துவிட்டு வீட்டுக்கு வரும் ஓர் ஆணைப் படுக்கையறைக்கு அழைத்துப் போவது. அந்த ஆள் கிளம்பும்போது கிழங்கு வெந்திருக்கும். அவ்வளவு துல்லியம். அவன் கொடுத்த பணம் சாப்பாட்டு மேசையில் இருக்கும் பீங்கான் சூப் பாத்திரத்துக்குள் போகும், மூடி போடப்படும், விளக்கு அணைக்கப்படும். ஒரு அறையிலிருந்து இன்னொரு அறைக்குப் போனால் விளக்கை அணைத்துவிட்டுத்தான் போவாள். கேமரா நகராது, அவளை நெருங்கியும் போகாது. இரண்டாம் நாள் மதியம் வரை இதுதான். ‘ஒன்றும் நடக்கவில்லை’ என்று நீங்கள் வேகத்தைக் கூட்டியது இங்கேதான் என்று பந்தயம் கட்டுவேன்.

இரண்டாம் நாள் வருகிறவன் போனபிறகு அவள் தலைமுடி கலைந்திருக்கிறது. சூப் பாத்திரத்துக்கு மூடி போட மறந்துவிடுகிறாள். கிழங்கு அதிகமாக வெந்துவிட்டது. அந்தப் பாத்திரத்தைக் கையில் தூக்கிக்கொண்டு எங்கே கொட்டுவது என்று தெரியாமல் வீட்டுக்குள்ளேயே அலைகிறாள். சமையலறை, குளியலறை, மறுபடி சமையலறை. அப்புறம் கடைக்குப் போய்ப் புதுசாக வாங்கி வந்து உரிக்க உட்காருகிறாள். உரிக்கும் கை நடுவில் தயங்கி நிற்கிறது, மறுபடி தொடங்குகிறது. வேறொரு படத்தில் இடி இடிக்க வேண்டிய இடம் அது. அதுவரை நிஜ வேகத்தில் உட்கார்ந்து பார்த்தவருக்கு அந்தத் திறந்த பாத்திரத்தைப் பார்த்ததும் ‘ஐயோ, மூடி!’ என்று வாய்விட்டுக் கத்தத் தோன்றும். நான் கத்தினேன். அந்த வீட்டின் பழக்கம் அதற்குள் நமக்கும் வந்துவிட்டிருக்கும். ஒன்றரை மடங்கில் ஓட்டினால் அந்தத் தயக்கமே காணாமல் போய்விடும். தயங்கும் கையும் தயங்காத கையும் ஒன்றாகத் தெரியும். மூடி இல்லை என்ற தகவல் வேண்டுமானால் உங்களுக்கு வந்து சேர்ந்திருக்கலாம், பதைப்பு வந்திருக்காது.

மூன்றாம் நாள் பிரஷ் கை நழுவுகிறது, காபி ருசிக்கவில்லை, கோட்டின் தொலைந்த பட்டனுக்கு இணையான ஒன்றைத் தேடிக் கடை கடையாக ஏறி இறங்குகிறாள். கடைசியில் கத்தரிக்கோல், அன்றைக்கு வந்தவனைக் குத்திக் கொன்றுவிடுகிறாள். இரண்டாம் நாளைப் பார்த்தவர் யாரும் காரணம் எங்கே என்று கேட்க மாட்டார்.

வீட்டு வேலையின் லட்சணமே இதுதான் தம்பி. ஒழுங்காக நடக்கும்வரை அது யார் கண்ணிலும் படாது. உப்பு கூடினால்தான் சமைத்தவர் ஒருவர் இருக்கிறார் என்பதே ஞாபகம் வரும். சினிமாவில் காட்டத் தகுந்தவை என்று ஒரு படிநிலை இருக்கிறது, அதில் முத்தமும் கார் விபத்தும் மேலே, பாத்திரம் கழுவுவது அடியிலும் அடியில் என்ற பொருளில் அகெர்மானே பேசியிருக்கிறார். அந்த அடியில் கிடந்ததை எடுத்து 201 நிமிடம் நடுவில் வைத்தார். படப்பிடிப்பின்போது அவருக்கு வயது 24. நடித்தது தெல்ஃபின் செரிக், அன்றைக்குப் பெரிய நட்சத்திரம். தெரியாத முகத்தைப் போட்டிருந்தால் ‘யாரோ ஒரு வீட்டுப் பெண்’ என்று நாம் எளிதாகக் கடந்துபோயிருப்போம். ஒத்திகைகளை நடிகர் சாமி ஃப்ரே வீடியோவில் எடுத்து வைத்திருக்கிறார், அது பிறகு ஆவணப்படமாக வந்தது. ஒவ்வொரு அசைவும் எதற்கு, எவ்வளவு நேரம் என்று செரிக் கேட்டுக்கொண்டே இருக்கிறார், அந்தச் சின்னப் பெண் விடாமல் பதில் சொல்கிறார். அப்படி அளந்து வைத்த நேரத்தில் மூன்றில் ஒரு பங்கை நீங்கள் ஒரு பட்டனால் வெட்டியிருக்கிறீர்கள். வெட்டிவிட்டு எட்டாம் இடமும் கொடுத்திருக்கிறீர்கள்! பார்க்காத படத்துக்கு எட்டென்ன, எண்பதென்ன?

அந்த அமைப்பாளராவது மூட வேண்டிய அரங்கம், கடைசி பஸ் என்று சொல்லிக்கொள்ளலாம். உங்களுக்கு அப்படி என்ன அவசரம்? பட்டியலை முடிக்க வேண்டும், அதுதானே? பட்டியல் போடுவதற்காகப் படம் பார்த்தால் இப்படித்தான் ஆகும். தூங்கிய நண்பருக்கு என் அன்பைச் சொல்லுங்கள். அவர் சரியான வேகத்தில் தூங்கியிருக்கிறார், எழுந்து மதிப்பெண் போடாமலும் இருந்திருக்கிறார். உங்கள் கூட்டத்தில் நேர்மையான ரசிகர் அவர்தான்.

தனிப் பட்டியல் அவமானமா என்பதற்கு வருகிறேன். தான் எடுப்பது பெண்கள் படமல்ல, சாந்தால் அகெர்மான் படம் என்று அவர் சொன்னதுண்டு. அவர் பிடிவாதம் எனக்குப் பிடிக்கும். ஆனாலும் பட்டியல்கள் போடத்தான் வேண்டும் என்பேன், ஏனென்றால் அவற்றில் கீழே கிடக்கும் பெயர்கள்தான் புதிதாக ஒருவரைத் தேடிப் பார்க்க வைக்கின்றன. முதலிடத்துக்கு யாரும் சிபாரிசு செய்ய வேண்டியதில்லை. உங்கள் ‘கிளியோ’வும் உங்கள் நண்பர்களின் ‘பியானோ’வும் உங்களை நம்பி இல்லை. என் முதலிடத்தைக் கேட்டீர்கள், மாதத்துக்கு ஒன்றாக மாறும். இந்த மாதம் கிளியோ என்றே வைத்துக்கொள்ளுங்கள், நண்பர்களிடம் காட்டி ஜெயித்துக்கொள்ளலாம்.

உங்கள் பட்டியலில் பார்பரா லோடனின் ‘வாண்டா’ இல்லை. 1970-இல் வந்தது. அவரே எழுதி, இயக்கி, முதன்மை வேடத்திலும் நடித்தார். கையில் அடங்கும் சின்னக் குழு, 16 எம்எம். வெனிஸில் விருது கிடைத்தது. அப்புறம் இன்னொரு முழுநீளப் படம் எடுக்க அவருக்கு வாய்க்கவில்லை. 1980-இல் 48 வயதில் இறந்துபோனார். படம் வெகுகாலம் யாருக்கும் எளிதில் கிடைக்காமல் கிடந்தது. 2010-இல் மீட்டெடுத்துப் புதுப்பித்தார்கள். 2022 பட்டியலில் முதல் ஐம்பதுக்குள் இருக்கிறது. ஷ்ரேடர் பேச்சை எடுக்கும் நண்பரிடம் இதையும் சொல்லுங்கள்.

அதில் ஒரு காட்சி. நிலக்கரிக் குவியல்களுக்கு நடுவே வெள்ளை உடையில் வாண்டா நடந்து போகிறாள். கேமரா வெகு தூரத்தில் இருக்கிறது, அவள் ஒரு புள்ளி மாதிரி. நடந்துகொண்டே இருப்பாள். உங்கள் கை எங்கே போகும் என்று எனக்குத் தெரியும்.

இந்த வாரம் அதைப் போடுங்கள். 100 நிமிடத்துக்குக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான். ரிமோட்டைத் தூங்குகிற நண்பரிடம் கொடுத்துவிடுங்கள். மதிப்பெண் வேண்டாம், இடம் வேண்டாம். அந்த நடையில் எந்த இடத்தில் பொறுமை போனது என்று மட்டும் எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா