ரூட் இருந்தும் மெமரி கார்டில் எழுத முடியவில்லை

வாசகர் கடிதம்

சார், வணக்கம்.

மேலூர் பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிறேன். சுற்று வட்டாரத் திருவிழாக்களில் நடக்கும் இசை நாடகங்களை இரவு முழுக்கப் போனில் பதிவு செய்து வைக்கிறேன். சவுண்ட் சர்வீஸ்காரர்கள் மிக்சரிலிருந்து லைன் கொடுப்பார்கள். பழைய போனில் பதிவு நேராக மெமரி கார்டுக்குப் போய்விடும். இப்போது இருப்பது ஆண்ட்ராய்டு 12. ரெக்கார்டர் ஆப் கார்டில் எழுத மறுக்கிறது, போன் மெமரியோ நிறைந்துவிடுகிறது. ரூட் செய்தால், அதாவது போனின் நிர்வாகி உரிமையை எடுத்தால், சரியாகும் என்றார்கள். மதுரையில் ஒரு கடையில் மேஜிஸ்க் என்ற ரூட் மென்பொருளைப் போட்டுக் கொடுத்தார்கள். ரூட் செக்கர் "ரூட் இருக்கிறது" என்கிறது. சிஸ்டத்தில் உள்ள பிளாட்ஃபார்ம் எக்ஸ்எம்எல் ஃபைலில் ஒரு வரி சேர்க்கச் சொல்கிறார்கள். சேமித்தால் "ரீட் ஒன்லி ஃபைல் சிஸ்டம்" என்று வருகிறது. கார்டு ஃபோல்டருக்கு எல்லோருக்கும் எல்லா உரிமையும் தரும் சிஎச்மாட் 777 கட்டளை கொடுத்தும் மாறவில்லை. இதற்கிடையில் யுபிஐ ஆப்பும் நின்றுவிட்டது. இன்னொன்று: பத்து மணிக்கு ஆரம்பிக்கும் பதிவு விடியற்காலை நாலே முக்கால் வாக்கில் தானாக நின்றுவிடுகிறது. அதுவும் பெர்மிஷன் கோளாறுதானா?

ஒரு வாசகர், மேலூர்

பதில்

அன்புள்ள நண்பருக்கு, வணக்கம்.

முதலில் ஒன்று: இனி எந்த மென்பொருளையும் போனில் ஃபிளாஷ் செய்து ஏற்ற வேண்டாம். உங்கள் வேலைக்கு ரூட் தேவையே இல்லை. தேவைப்பட்டிருந்தாலும் அந்த ஒரு வரி உங்களுக்கு உதவியிருக்காது.

ரூட் என்பது போன் முழுவதற்கும் கிடைக்கும் அதிகாரம் என்று பலரும் நினைக்கிறார்கள். எந்த ஆப் "எஸ்யூ" என்ற கட்டளையால் ரூட் உரிமை கேட்கிறதோ, மேஜிஸ்க் கேட்கும்போது நீங்கள் எதற்கு அனுமதி கொடுக்கிறீர்களோ, அதற்கு மட்டும்தான் அது கிடைக்கும். ரூட் ஃபைல் மேனேஜர் கேட்கிறது, அதனால் அதற்குக் கிடைக்கிறது. உங்கள் ரெக்கார்டர் எஸ்யூ கேட்பதே இல்லை. ஆண்ட்ராய்டு அதற்கு ஒதுக்கிய பயனர் எண்ணில், நேற்று இருந்த அதே உரிமையோடுதான் இன்றும் ஓடுகிறது. ரூட் செக்கர் சொன்னது உண்மை. ஆனால் அந்த உண்மைக்கும் உங்கள் ரெக்கார்டருக்கும் தொடர்பில்லை.

பிளாட்ஃபார்ம் எக்ஸ்எம்எல் யோசனை எங்கிருந்து வந்தது என்று சொல்கிறேன். 2013 இறுதியில் வந்த ஆண்ட்ராய்டு 4.4, சாதாரண ஆப்கள் வெளிக் கார்டில் தங்கள் சொந்த ஃபோல்டருக்கு வெளியே எழுதுவதைத் தடுத்தது. அப்போது அந்த உரிமை லினக்ஸ் குழுக்களை வைத்துத் தீர்மானிக்கப்பட்டது. "மீடியா ஆர்டபிள்யூ" என்ற குழுவில் இருந்தால் கார்டில் எழுதலாம். அந்தக் குழுவை வெளி ஸ்டோரேஜ் எழுதும் பெர்மிஷனோடு ஒரு வரியில் சேர்த்துவிட்டால் எல்லா ஆப்பும் எழுதின. அன்றைக்கு அது சரியான தீர்வு. ஆண்ட்ராய்டு 6 இந்த முறையைக் கைவிட்டது. ஒவ்வொரு ஆப்புக்கும் ஸ்டோரேஜ் எப்படித் தெரிய வேண்டும் என்பது அதன் பிறகு மவுண்ட், அதாவது ஸ்டோரேஜைச் சிஸ்டத்தில் இணைத்துக் காட்டும் முறை, வழியாக முடிவானது. ஆண்ட்ராய்டு 11 முதல் ஸ்டோரேஜின் முன்னால் ஃபியூஸ் என்ற அடுக்கு நிற்கிறது. எந்த ஆப் எதில் எழுதலாம் என்பதை மீடியா புரொவைடர் என்ற சிஸ்டம் பகுதி அங்கே ஒவ்வொரு ஆப்பாகப் பார்த்து முடிவு செய்கிறது. உங்கள் போனில் அந்த வரியை எப்படியோ எழுதிவிட்டாலும் மீடியா புரொவைடர் அதைப் படிக்காது.

777 மாறாததற்குக் காரணம் வேறு. கார்டில் இருப்பது ஃபேட்32 அல்லது எக்ஸ்ஃபேட் என்ற ஃபைல் சிஸ்டம், அதாவது ஃபைல்களை அடுக்கி வைக்கும் முறை. இந்த இரண்டிலும் யூனிக்ஸ் பெர்மிஷனை எழுதிவைக்க இடமே கிடையாது. மவுண்ட் செய்யும்போது கொடுத்த ஒரே பெர்மிஷன் எல்லா ஃபைலுக்கும் காட்டப்படும். சிஎச்மாட் சில போனில் பிழை சொல்லும், சில போனில் சத்தமில்லாமல் ஏற்றுக்கொண்டதுபோல் இருந்துவிடும். இரண்டிலும் எதுவும் மாறியிருக்காது. கார்டோடு நிறுத்திக்கொண்டது நல்லது. இதே 777ஐ டேட்டா பகுதியில் ஃபோல்டர் ஃபோல்டராகக் கொடுத்து, போன் லோகோவைத் தாண்டாமல் போவது அடிக்கடி நடக்கிறது.

இனி எந்தப் பிழை வந்தாலும் அதன் சொற்களை அப்படியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். "எழுத முடியவில்லை" என்பது ஒரே நோய் அல்ல. "பெர்மிஷன் டினைட்", அதாவது 13ஆம் எண், வந்தால் ஃபைலின் உரிமை அமைப்போ, எஸ்இலினக்ஸ் என்ற ஆண்ட்ராய்டின் பாதுகாப்புக் காவலோ மறுக்கிறது. "ஆப்பரேஷன் நாட் பெர்மிட்டட்", 1ஆம் எண், வந்தால் அந்தச் செயலையே அங்கே செய்ய விடவில்லை. ஃபேட் கார்டில் சிஎச்மாட் கொடுத்தால் வருவது பெரும்பாலும் இதுதான். "ரீட் ஒன்லி ஃபைல் சிஸ்டம்", 30ஆம் எண், வந்தால் பெர்மிஷன் வரைக்கும் பேச்சே போகவில்லை. அந்தப் பகுதி முழுவதும் படிக்க மட்டும் என்று மவுண்ட் ஆகியிருக்கிறது. "நோ ஸ்பேஸ் லெஃப்ட்", 28ஆம் எண், வந்தால் இடம் இல்லை. முதல் பிழைக்குரிய மருந்தை மூன்றாவதற்குக் கொடுத்துப் பயனில்லை.

உங்களுக்கு சிஸ்டத்தில் வந்தது 30. காரணம் தெரிய டெர்மினலில் எஸ்யூ கொடுத்து, பிறகு ஐடி என்று கொடுங்கள். யூஐடி=0 என்று வந்தால் ரூட் நிஜமாகவே கையில் இருக்கிறது. அடுத்து மவுண்ட் என்று மட்டும் கொடுத்து, ஒற்றைச் சாய்கோடு உள்ள வரியில் ஃபைல் சிஸ்டத்தின் பெயரைப் பாருங்கள். "இஆர்ஓஎஃப்எஸ்" என்று இருந்தால் அது பிறவியிலேயே படிக்க மட்டுமான ஃபைல் சிஸ்டம். அதில் எழுதும் வசதியே உருவாக்கப்படவில்லை, யார் கேட்டாலும் நடக்காது. "இஎக்ஸ்டி4" என்று இருந்தாலும் ஏமாறாதீர்கள். ஆண்ட்ராய்டு 10 முதல் வந்த போன்களில் சிஸ்டம், வெண்டார், பிராடக்ட் எல்லாம் "சூப்பர்" என்ற ஒரே பெரிய பகுதிக்குள் அளவெடுத்து அடைக்கப்பட்டிருக்கின்றன. இடம் மிச்சம் பிடிக்க, ஒரே மாதிரியான பிளாக்குகளைப் பல ஃபைல்கள் பங்குபோட்டுக்கொள்ளும்படி செய்திருப்பார்கள். அப்படிப்பட்ட பகுதியில் ஒரு ஃபைலைத் திருத்தினால் வேறு ஃபைலும் கெடும் என்பதால் ஆண்ட்ராய்டின் அடிமையமான கெர்னலே மறுத்துவிடும். எழுதும்படி மறுபடி மவுண்ட் செய்யும் ரீமவுண்ட்டை முயன்ற கையோடு, கெர்னலின் செய்திகளைக் காட்டும் டிமெசேஜ் கட்டளையைக் கொடுத்துப் பார்த்தால், ஆர்டிடபிள்யூஆராக (படிக்கவும் எழுதவும்) மவுண்ட் செய்ய முடியவில்லை என்ற வரியின் முடிவில் அடைப்புக்குள் 4000 என்று இருக்கும். அந்த 4000 என்பது பங்குபோட்ட பிளாக்குகளுக்கான குறி. அதைப் பார்த்துவிட்டால் ரீமவுண்ட் கட்டளையை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்ப்பதை அங்கேயே நிறுத்திவிடலாம்.

சிஸ்டத்தில் நிஜமாகவே ஒரு ஃபைலை மாற்ற வேண்டியவர்கள் மேஜிஸ்க் மாட்யூல் என்ற கூடுதல் தொகுப்பு வழியாகத்தான் போக வேண்டும். மாட்யூல் ஃபோல்டருக்குள் சிஸ்டம் என்று ஒரு ஃபோல்டர், அதற்குள் அசல் இருக்கும் அதே பாதை, அதே பெயர், பெரிய எழுத்து சின்ன எழுத்து உட்பட. போன் துவங்கும்போது மேஜிஸ்க் உங்கள் ஃபைலை அசலின் மேல் போர்த்திக் காட்டும். அசல் தொடப்படாததால் சிஸ்டம் பகுதியின் கையெழுத்தைச் சரிபார்க்கும் டிஎம் வெரிட்டியும் புகார் சொல்லாது. மாட்யூலை நீக்கினால் பழையபடி ஆகிவிடும். பழைய போன்களில் ரீமவுண்ட் வெற்றி என்று வந்தும் ஃபைல் மேனேஜரில் இன்னும் படிக்க மட்டும் என்று காட்டினால், மேஜிஸ்க் செட்டிங்ஸில் மவுண்ட் நேம்ஸ்பேஸ் மோடைப் பாருங்கள். தனித்தனி நேம்ஸ்பேஸ் என்று இருந்தால் ஒரு ஆப் செய்த மவுண்ட் இன்னொரு ஆப்புக்குத் தெரியாது. எஸ்இலினக்ஸை பெர்மிசிவ், அதாவது எதையும் தடுக்காத நிலைக்கு, ஆக்கிவிடுங்கள் என்ற யோசனையும் உங்களுக்கு வரும். 30ஆம் எண் பிழைக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. அப்படியே விட்டுவிட்டால் போனின் முக்கியமான காவலும் போய்விடும்.

இப்போது உங்கள் உண்மையான வேலைக்கு வருவோம்.

கார்டில் எழுத, ஆண்ட்ராய்டு 5 முதல் ஒரு முறையான வழி இருக்கிறது. ஆப் ஒரு ஃபோல்டரைத் தேர்ந்தெடுக்கும்படி கேட்கும். நீங்கள் சிஸ்டத்தின் ஃபைல் திரையில் அதைக் காட்டி அனுமதி கொடுக்க வேண்டும். ஆண்ட்ராய்டு 11 முதல் இதில் ஒரு நிபந்தனை உண்டு, பலரும் அங்கேதான் தடுக்கி விழுகிறார்கள்: கார்டின் மேல்மட்டத்தையே தேர்ந்தெடுக்க முடியாது, டவுன்லோட் ஃபோல்டரையும் முடியாது. அங்கே "இந்த ஃபோல்டரைப் பயன்படுத்து" பட்டன் மங்கிக் கிடக்கும். போனின் ஃபைல்ஸ் ஆப்பில் கார்டைத் திறந்து "நாடகம்" என்று புது ஃபோல்டர் ஒன்று போடுங்கள். பிறகு ரெக்கார்டரில் சேமிக்கும் இடம் என்ற அமைப்பில் அந்த ஃபோல்டருக்குள் நுழைந்து பட்டனை அழுத்துங்கள். அனுமதி கேட்கும், சரி என்று கொடுங்கள். போனை அணைத்துப் போட்டாலும் அது நீடிக்கும். கார்டை ஃபார்மேட் செய்தால் மட்டும் மறுபடி கொடுக்க வேண்டும்.

உங்கள் ரெக்கார்டரில் ஃபோல்டர் தேர்வே இல்லை, உள் மெமரி அல்லது கார்டு என்று மட்டும்தான் கேட்கிறது என்றால் அது பழைய முறையில் எழுதப்பட்ட ஆப். அதை விட்டுவிட்டு, ஃபோல்டர் தேர்வு உள்ள வேறு ஆப்பை எடுங்கள். சில ஆப்கள் கார்டிலேயே ஆண்ட்ராய்டு, டேட்டா என்ற பாதையில் தங்கள் சொந்த ஃபோல்டருக்குள் எழுதும். அதற்கு எந்த அனுமதியும் தேவையில்லை. ஆனால் ஆப்பை நீக்கினால் அந்த ஃபோல்டரும் சேர்ந்து அழிந்துவிடும். இரவெல்லாம் விழித்துப் பதிவு செய்த நாடகங்களை அங்கே வைக்காதீர்கள். ஏற்கெனவே அங்கே இருந்தால் ஆப்பைத் தொடும் முன் கம்ப்யூட்டருக்கு நகல் எடுத்துவிடுங்கள்.

நாலே முக்கால் விஷயம் பெர்மிஷன் கோளாறு அல்ல, கணக்கு. நீங்கள் வேவ் வடிவில், ஸ்டீரியோவில், 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட்டில் பதிவு செய்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அதில் ஒரு நொடிக்கு 1,76,400 பைட், ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 635 எம்பி. வேவ் ஃபைலின் தலைப்பில் அளவை எழுத 32 பிட்தான் இருக்கிறது, ஆகவே 4 ஜிபிக்கு மேல் வளர முடியாது. ஃபேட்32 கார்டிலும் ஒரு ஃபைலுக்கு அதே எல்லை. 4 ஜிபியை மேலே சொன்ன வேகத்தால் வகுத்தால் சுமார் 6 மணி 45 நிமிடம் வரும். பத்து மணிக்கு ஆரம்பித்தால் சரியாக நாலே முக்கால். 48 கிலோஹெர்ட்ஸாக இருந்திருந்தால் நாலேகால் வாக்கிலேயே நின்றிருக்கும்.

தீர்வு எளிது. மிக்சரிலிருந்து ஒற்றை லைன் எடுப்பதாக இருந்தால் ஸ்டீரியோவில் ஒரே ஒலிதான் இரண்டு முறை பதிவாகிறது. மோனோவுக்கு மாற்றினால் மணிக்கு 318 எம்பியாகக் குறையும். எட்டு மணி நேர நாடகம் சுமார் இரண்டரை ஜிபியில் முடியும். ஆப்பில் ஃபைலைத் தானாகப் பிரிக்கும் வசதி இருந்தால் ஒரு மணி நேரத்துக்கு ஒன்று என்று வையுங்கள். நடுவில் பேட்டரி போனாலும், முடித்து எழுதப்படாத கடைசித் துண்டு மட்டும்தான் பாழாகும், முன்னால் உள்ளவை பத்திரமாக இருக்கும். 64 ஜிபியும் அதற்கு மேலும் உள்ள கார்டுகள் எக்ஸ்ஃபேட்டில் வருவதால் கார்டின் பக்கம் அந்த எல்லை இல்லை. 32 ஜிபி கார்டு ஃபேட்32தான். கார்டை உள் மெமரியாக ஃபார்மேட் செய்யும் தேர்வை மட்டும் தொடாதீர்கள். அப்படிச் செய்தால் கார்டு அந்த ஒரு போனோடு பூட்டப்பட்டுவிடும், போன் பழுதானால் பதிவுகளை வேறெங்கும் படிக்க முடியாது. ஆப்புக்கு பேட்டரி கட்டுப்பாட்டிலிருந்து விலக்கும் கொடுத்துவிடுங்கள்.

ஃபோல்டர் அனுமதியும் கொடுத்து, அதன் பிறகும் எழுதாவிட்டால் கார்டைச் சந்தேகியுங்கள். ஆயுள் முடிந்த கார்டு தானாகப் படிக்க மட்டும் என்ற நிலைக்குப் போய்விடும். அடையாளம் தெளிவானது: ஃபைலை அழித்தால் அழிந்ததுபோல் தெரியும், கார்டைக் கழற்றி மாட்டினால் திரும்ப வந்து நிற்கும். அதற்கு மருந்து கிடையாது. உள்ளதை நகலெடுத்துவிட்டு வேறு கார்டு வாங்க வேண்டியதுதான்.

கடைசியாக யுபிஐ. மேஜிஸ்கை நீக்கினால் மட்டும் பெரும்பாலும் போதாது. போனைத் துவக்கும் பூட்லோடர் திறந்திருப்பதே, ஆப்கள் நடத்தும் கூகுளின் பிளே இன்டெக்ரிட்டி சோதனையில் தெரிந்துவிடும். எனவே வரிசை முக்கியம். பதிவுகள், படங்கள், தொடர்பு எண்கள் எல்லாவற்றையும் முதலில் கம்ப்யூட்டருக்கு எடுங்கள், ஏனென்றால் பூட்லோடரைப் பூட்டும்போது போன் முழுவதும் துடைக்கப்படும். மேஜிஸ்கில் அன்இன்ஸ்டால் போய் ரீஸ்டோர் இமேஜஸ் கொடுங்கள். அசல் நகல் இல்லை என்று வந்தால், கடையில் பூட் இமேஜை (போன் துவங்கப் பயன்படும் மென்பொருள் கோப்பை) வேறு இடத்தில் திருத்திக் கொண்டுவந்து போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். அப்போது உங்கள் பில்ட் நம்பருக்கே உரிய அசல் மென்பொருள் முழுவதையும் போட வேண்டும். எண்ணில் ஓர் எழுத்து மாறினாலும் வேண்டாம். வேறு பில்டின் பூட் இமேஜைப் போட்டால் வைஃபை, டச் வேலை செய்யாமல் போகும், அல்லது போன் எழவே எழாது. அசல் மென்பொருளில் போன் ஒழுங்காகத் துவங்குவதைப் பார்த்த பிறகுதான் பூட்ட வேண்டும். திருத்திய இமேஜ் உள்ளே இருக்கும்போது பூட்டினால் போன் துவங்க மறுக்கும். மீண்டும் திறக்க வழியில்லாத மாடல்களில் அதோடு போன் செங்கல்தான். பூட்டி, ஒருமுறை முழுதாகத் துவங்கும் வரை டெவலப்பர் ஆப்ஷனில் பூட்லோடரைத் திறக்க விடும் ஓஇஎம் அன்லாக்கிங்கை அணைக்காதீர்கள். இதைக் கடையில் செய்யக் கொடுத்தால் இந்த வரிசையைச் சொல்லியே கொடுங்கள்.

அடுத்த திருவிழாவுக்கு முன் வீட்டில் ஓர் இரவு லைன் இல்லாமலே எட்டு மணி நேரம் ஓடவிட்டு, காலையில் துண்டுகள் எட்டும் "நாடகம்" ஃபோல்டரில் இருக்கின்றனவா, கடைசித் துண்டு பாடுகிறதா என்று பாருங்கள். எங்காவது நின்றால் நின்ற நேரம், பிழையின் சொற்கள், கார்டின் அளவு, மவுண்ட் பட்டியலில் கார்டுக்குரிய வரி, இந்த நான்கையும் எழுதி அனுப்புங்கள்.